உளுந்தங்களி சடங்கோடு நின்றுவிடலாமா?

மதுரை வட்டாரத்தில் ஒரு பெண் வயதுக்கு வந்துவிட்டால் தாய்மாமன் வீட்டிலிருந்து கருப்பு உளுந்தும், கருப்பட்டியும், நல்லெண்ணெயும், நாட்டுக் கோழி முட்டையும் வந்து சேரும். உளுந்தைத் தோலோடு வறுத்து, கொஞ்சம் பச்சரிசி சேர்த்து மாவாக்கி, கருப்பட்டிப் பாகில் களி கிண்டி, நடுவே குழி பறித்து நல்லெண்ணெய் ஊற்றிக் கொடுப்பார்கள். புட்டும் எள்ளுருண்டையும் தனி. இடுப்புக்கு வலு, கருப்பைக்குப் பலம் என்பது பாட்டிமார் சொல்லும் காரணம். சடங்கு முடிந்து பந்தலைப் பிரித்ததும் இந்தக் கவனிப்பும் முடிந்துவிடுகிறது. அதற்குப் பிறகு அதே பெண் நடவுக்கும் களையெடுப்புக்கும் போய் வந்து, வீட்டில் எல்லோரும் உண்ட பின் சட்டியில் மிஞ்சியதை உண்பவளாகிவிடுகிறாள்.

பெண்ணின் உடல் மாதந்தோறும் நடத்தும் வேலைக்குப் பதினாறு நாள் களி போதாது என்பதை முதலில் உணர வேண்டும். சமணமலை அடிவாரத்தில் உள்ள கீழக்குயில்குடி போன்ற ஊர்களில் பெரும்பாலான வீடுகளுக்குச் சிறிய கொல்லையோ வயல் வரப்போ உண்டு. ஒரு சென்ட் நிலத்தையும் பாத்திரம் கழுவிய தண்ணீரையும் சரியாகப் பயன்படுத்தினால், சடங்கில் கிடைத்த ஊட்டத்தை ஆண்டு முழுவதும் பெறலாம்.

நாளமில்லாச் சுரப்பிகளின் வேலை

ஹார்மோன் என்பது நாளமில்லாச் சுரப்பிகள் இரத்தத்தில் நேரடியாகக் கலந்துவிடும் நீர். மூளையின் அடியில் உள்ள பிட்யூட்டரிச் சுரப்பி ஆணையிட, சினைப்பை கருமுட்டையை முதிரச் செய்து ஈஸ்ட்ரோஜன், புரோஜெஸ்டிரான் என்னும் இரண்டையும் சுரக்கிறது. கழுத்தில் உள்ள தைராய்டும், கணையம் சுரக்கும் இன்சுலினும் இந்த வேலையோடு பிணைந்தவை. உணவு மிகக் குறைந்து உடல் மெலிந்துபோனால் மூளை கருமுட்டை வேலையை நிறுத்தி வைக்கிறது, மாதவிலக்கு தள்ளிப்போகிறது. மாறாக, உடலில் கொழுப்பு மிகுந்து இன்சுலின் அளவு எப்போதும் உயர்ந்தே இருந்தால், சினைப்பை ஆண் ஹார்மோனை மிகுதியாகச் சுரக்கத் தொடங்கும். அப்போதும் மாதவிலக்கு தவறும். முகத்தில் பருவும் ரோமமும் தோன்றும்.

சினைப்பை நீர்க்கட்டி என்று இப்போது ஊர்தோறும் பேசப்படும் கோளாறில் பெரும்பகுதி இந்த இரண்டாவது வகையே. உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீட்டில், பிள்ளைப்பேறு வயதில் உள்ள பெண்களில் நூற்றுக்கு 10 முதல் 13 பேருக்கு இது உண்டு. நீர்க்கட்டி என்ற பெயரைக் கேட்டு அஞ்ச வேண்டாம். அவை அறுத்தெடுக்க வேண்டிய கட்டிகள் அல்ல. முதிராமல் பாதியில் நின்றுவிட்ட கருமுட்டைப் பைகளே.

இதனால் ஒரே களி எல்லாப் பெண்ணுக்கும் பொருந்தாது. வயலில் வேலை செய்து மெலிந்த பெண்ணுக்குக் கருப்பட்டியும் எண்ணெயும் நிறைந்த களி நல்ல ஊட்டம். நாள் முழுதும் பள்ளியில் அமர்ந்து, மாலையில் பாக்கெட் தின்பண்டம் தின்று எடை கூடிய பெண்ணுக்கு அதே உளுந்தைச் சுண்டலாகவோ, தோல் உளுந்து இட்லியாகவோ, தோசையாகவோ கொடுப்பதே முறை. சடங்கு வீட்டில் பச்சை முட்டையை நல்லெண்ணெயில் கலந்து குடிக்கச் சொல்லும் வழக்கத்தையும் விட்டுவிடலாம். வேகாத முட்டையில் நோய்க் கிருமி இருக்கக்கூடும். வேகவைத்தால் சத்து குறைந்துவிடும் என்பது தவறான எண்ணம்.

ஒரு சென்டில் உளுந்து

கொல்லையில் முதல் இடம் உளுந்துக்கே. புதுக்கோட்டை மாவட்டம் வம்பன் ஆராய்ச்சி நிலையம் வெளியிட்ட வம்பன் 8 போன்ற இரகங்கள் மஞ்சள் தேமல் நோயைத் தாங்குபவை. 65 முதல் 75 நாளில் அறுவடைக்கு வரும். ஏக்கருக்கு 8 கிலோ விதை என்ற கணக்கில் ஒரு சென்டுக்கு 80 கிராம் போதும். ஆடி மழை கிடைத்தால் ஆடியிலும், தவறினால் புரட்டாசியிலும் விதைக்கலாம். ஓர் அடி இடைவெளியில் வரிசை போட்டு, வரிசைக்குள் நான்கு விரற்கடைக்கு ஒரு விதை ஊன்ற வேண்டும். விதையை ரைசோபியம் உயிர் உரத்தோடு ஆறிய கஞ்சியில் கலந்து நிழலில் உலர்த்தி விதைத்தால் வேர் முடிச்சு நன்றாகப் பிடிக்கும்.

செம்மண் கொல்லையில் தண்ணீர் தேங்காமல் பார்த்துக்கொள்வது முக்கியம். இலையில் மஞ்சள் திட்டு கண்ட செடியை இரக்கம் பாராமல் பிடுங்கி அழித்துவிட வேண்டும்; விட்டுவைத்தால் வெள்ளை ஈ அந்த நோயைப் பாத்தி முழுவதும் பரப்பிவிடும். பூக்கும் தருணத்திலும், பதினைந்து நாள் கழித்தும் 2 சத டி.ஏ.பி. கரைசல் தெளித்தால் காய் திரளும். நன்கு விளைந்தால் ஒரு சென்டில் 2 முதல் 3 கிலோ உளுந்து கிடைக்கும். கடை விலையில் இது பெரிய தொகை அல்லதான். ஆனால் வீட்டில் விளைந்த தோல் உளுந்தை விற்க மனம் வராது. அது அடுப்புக்கே வரும் என்பதுதான் இதில் உள்ள இலாபம். உளுந்தில் நூற்றுக்கு இருபத்திரண்டு பங்குக்கு மேல் புரதம், தோலில் நார்ச்சத்து. இரண்டும் உணவிலுள்ள சர்க்கரை இரத்தத்தில் மெதுவாகச் சேரும்படி செய்து இன்சுலினுக்குக் கடிவாளம் போடுகின்றன.

எள்ளுக்குத் தனிப் பாத்தி வேண்டியதில்லை. மாசிப் பட்டத்தில் ஓரத்தில் இரண்டு வரிசை போட்டாலே வீட்டுக்கு ஆகும். எள்ளிலுள்ள லிக்னான் என்னும் பொருளைக் குடலில் வாழும் நுண்ணுயிர்கள் ஈஸ்ட்ரோஜனை ஒத்த மிக மென்மையான பொருளாக மாற்றுகின்றன என்பது ஆய்வுகளில் கண்டது. எனினும் எள்ளுருண்டை தின்றால் மாதவிலக்கு நாள் பிசகாமல் வரும் என்று உறுதி கூறும் அளவுக்கு அது வளரவில்லை. சுண்ணாம்புச் சத்துக்கு எள்ளைவிடக் கேழ்வரகை நம்பலாம். எள்ளின் தோலில் உள்ள ஆக்சலேட் அதன் சுண்ணாம்புச் சத்தில் ஒரு பகுதியைக் கட்டிப்போட்டுவிடும். கேழ்வரகில் 100 கிராமுக்குச் சுமார் 360 மில்லி கிராம் சுண்ணாம்புச் சத்து உண்டு. மாதவிலக்கு நிற்கும் வயதில் எலும்பு தேயத் தொடங்குவதால் கேழ்வரகுக் கூழ் தாயின் தட்டிலும் இருக்க வேண்டும். குழந்தைக்கு மட்டும் காய்ச்சுவது போதாது.

முருங்கை மட்டும் போதாது

2019-21இல் நடந்த தேசியக் குடும்ப நல ஆய்வில், தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் நூற்றுக்கு 53 பேர் இரத்தசோகை உடையவர்கள் என்று தெரிந்தது. நெல்லும் பருப்பும் விளைவிக்கும் நாட்டில் இது வெட்கத்துக்குரிய கணக்கு. மாதவிலக்கில் போகும் இரத்தத்தை ஈடுகட்டும் இரும்புச் சத்து தட்டில் இல்லை. இரும்புக் குறைவு தைராய்டின் வேலையையும் மந்தமாக்குகிறது.

இரத்தசோகை என்றதும் முருங்கைக் கீரை என்பார்கள். முருங்கை வளர்க்க வேண்டியதே. பெரியகுளம் தோட்டக்கலைக் கல்லூரி வெளியிட்ட பி.கே.எம். 1 செடி முருங்கையை ஒன்றரை அடிக் குழியில் தொழு உரமிட்டு நட்டு, இரண்டரை அடி வளர்ந்ததும் நுனியைக் கிள்ளிவிட்டால் பக்கக் கிளைகள் வெடித்துக் கீரை கையெட்டும் உயரத்தில் கிடைக்கும். ஆனால் அதன் புகழ் சற்று மிகையானது. ஐதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2017இல் வெளியிட்ட அட்டவணைப்படி 100 கிராம் முருங்கை இலையில் உள்ள இரும்பு சுமார் நாலரை மில்லி கிராமே. வளர்ந்த பெண்ணுக்கு நாளொன்றுக்கு 29 மில்லி கிராம் தேவை என்று அதே நிறுவனம் கணக்கிட்டிருக்கிறது. இலையில் உள்ள இரும்பு முழுவதும் உடலில் சேர்வதும் இல்லை.

அதைச் சேரவைக்கும் வழி கொல்லையிலேயே இருக்கிறது. ஒரு எலுமிச்சையும் ஒரு பெரு நெல்லியும் நட்டால், அவற்றின் வைட்டமின் சி கீரையின் இரும்பை உடல் ஏற்கும்படி செய்யும். கீரைச் சோற்றில் எலுமிச்சை பிழிவதும், நெல்லித் துவையல் தொட்டுக்கொள்வதும் ருசிக்காக மட்டும் ஏற்பட்டவை அல்ல. சாப்பிட்ட கையோடு டீ குடிக்கும் பழக்கம் இதற்கு நேர் எதிரி. டீயின் துவர்ப்பு இரும்பைப் பிடித்துக்கொண்டுவிடும். வயல்வெளியில் பதினோரு மணிச் சோற்றுக்கும் டீக்கும் இடையே ஒரு மணி நேரம் விடுவது, கொல்லையில் பாதி வேலை செய்ததற்குச் சமம்.

புரட்டாசி, ஐப்பசி மழையில் பொன்னாங்கண்ணியும் அரைக்கீரையும் தாமே தழைக்கும். பனி விழும் கார்த்திகை முதல் மாசி வரை வெந்தயக் கீரை போட்டு இருபத்தைந்தாம் நாளில் பறிக்கலாம். மார்கழி, தையில் மொச்சை, அவரை, பச்சைத் துவரை. சோப்புத் தண்ணீரை வாழைக்கு விட்டுவிட்டு, அரிசி, காய் கழுவிய தண்ணீரைக் கீரைப் பாத்திக்குத் திருப்ப வேண்டும்.

மூலிகையில் ஆள்மாறாட்டம்

மூலிகை என்று வரும்போது கவனம் தேவை. 1993இல் பெங்களூரில் தொடங்கப்பட்ட எஃப்.ஆர்.எல்.எச்.டி. என்னும் அமைப்பு தென் மாநிலங்களில் வீட்டு மூலிகைத் தோட்டங்களைப் பரப்பியது. மதுரையில் சி.சி.டி. அமைப்பும், மூலிகை சேகரிக்கும் பெண்கள் குழுக்களைப் பங்குதாரர்களாகக் கொண்ட கிராம மூலிகைக் கம்பெனியும் இப்பணியில் இறங்கின. செடியை அடையாளம் தெரிந்து வளர்ப்பதே இத்தகைய முயற்சிகளின் உயிர்நாடி.

பெரும்பாட்டுக்கு, அதாவது மிகுந்த இரத்தப்போக்குக்கு, அசோகப் பட்டையைச் சித்த மருத்துவம் கூறுகிறது. பள்ளிக்கூட வாசலிலும் அலுவலக வளாகத்திலும் தூண்போல் நெடிதாய் நிற்கும் மரத்தை அசோகு என்று பலர் அழைக்கிறார்கள். அது நெட்டிலிங்கம். மருந்துக்கான அசோகு அடர்ந்து பரந்த சிறு மரம். ஒரே காம்பில் நான்கு முதல் ஆறு இணைச் சிற்றிலைகள் இருக்கும். தளிர் செம்பு நிறத்தில் தொங்கும். ஆரஞ்சும் சிவப்புமாய்க் கொத்துக் கொத்தாகப் பூக்கும். நெட்டிலிங்கத்தின் இலை ஒற்றை. ஓரம் அலைபோல் நெளிந்திருக்கும். பூ பச்சை நிறம். கடைச் சரக்கிலும் இந்தக் கலப்படம் உண்டு. மெய்யான அசோகு அருகி வரும் மரம். நிழலும் ஈரமும் உள்ள கிணற்றடியில் ஒன்று நட்டு வைக்கலாம். பட்டையை உரிப்பது கூடாது.

மலைவேம்பு இன்னும் அபாயம். பிளைவுட்டுக்காக இப்போது தோப்பாக வளர்க்கும் மரத்துக்கும், அதன் இனத்தைச் சேர்ந்த நச்சுக் காய் காய்க்கும் வேறொரு மரத்துக்கும் நம் ஊர்களில் ஒரே பெயர் வழங்குகிறது. பிள்ளையில்லாப் பெண்கள் மாதவிலக்கு நாளில் இதன் இலைச் சாற்றைக் குடிப்பதாகப் பேசப்படுகிறது. யாரும் கைவைத்தியமாக இதில் இறங்க வேண்டாம்.

வீட்டில் நம்பி வளர்க்கத்தக்கது தண்ணீர்விட்டான். முள் கொடியாகையால் வேலியில் ஏற்றிவிடலாம், வறட்சியைத் தாங்கும். பழைய தூரிலிருந்து கிழங்கோடு பிரித்த கன்றை ஆடி மழையில், ஒன்றரை அடிக் குழியில் மணலும் தொழு உரமும் கலந்து நட வேண்டும். இரண்டு ஆண்டுக்குப் பின் ஒரு பக்கமாகத் தோண்டி விரல் பருமனான கிழங்குகளை மட்டும் எடுத்துக்கொண்டு தூரை மூடிவிட்டால் கொடி சாகாது. பால் கொடுக்கும் தாய்மாருக்கு இதைத் தோல் சீவிப் பாலில் வேகவைத்துக் கொடுப்பது மரபு. அழகர்மலைச் சரிவில் போய்த் தூரோடு பிடுங்குவதைவிட வேலியில் வளர்ப்பது மலைக்கும் நல்லது. சோற்றுக்கற்றாழைக்குக் குமரி என்றே பெயர். அதை வெட்டினால் வடியும் மஞ்சள் பால் கடும் பேதியை உண்டாக்கும். சோற்றை ஏழு தடவை கழுவச் சொல்வது இதற்காகவே. கர்ப்பிணிகள் கற்றாழையை அறவே தவிர்க்க வேண்டும்.

கொல்லையில் தீராதவை

சில குறிகளைக் கண்டால் கீரையையும் களியையும் நம்பி நாள் கடத்தக் கூடாது. இரத்தப்போக்கு ஏழு நாளைத் தாண்டுவது, ஒரு மணி நேரத்துக்கு ஒரு முறை துணி மாற்ற நேர்வது, மூன்று மாதம் தொடர்ந்து மாதவிலக்கு வராதது, கழுத்தில் வீக்கம் இவற்றுக்கு மருத்துவரைப் பார்த்தாக வேண்டும். மாதவிலக்கு முற்றிலும் நின்று ஓராண்டுக்குப் பின் ஒரு துளி இரத்தம் கண்டாலும் அதே நாளில் புறப்பட வேண்டும். அது கருப்பைப் புற்றின் முதல் அடையாளமாக இருக்கலாம். வெளியே சொல்லக் கூச்சப்பட்டு, அசதியும் மூச்சிரைப்பும் வேலைக் களைப்பு என்று எண்ணிக்கொண்டு வருடக் கணக்கில் சுமக்கும் பெண்கள் கிராமங்களில் பலர். ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஒரு துளி இரத்தத்தில் ஹீமோகுளோபின் பார்த்துவிடலாம். இரும்பு மாத்திரையும் இலவசம். மாத்திரையால் மலம் கறுப்பது இயல்பு. அதைக் கண்டு நிறுத்த வேண்டாம். சித்த மருந்து உண்பவர்கள் அதை அலோபதி மருத்துவரிடமும், சர்க்கரை, தைராய்டு மாத்திரை உண்பவர்கள் அதைச் சித்த மருத்துவரிடமும் சொல்லிவிட வேண்டும். வெந்தயம் சர்க்கரை மாத்திரையோடு சேர்ந்தால் சர்க்கரை மிகவும் இறங்கிவிடக்கூடும். சமையலுக்கு அயோடின் உப்பே வாங்க வேண்டும். தைராய்டுக்குத் தேவையான அயோடினைக் கொல்லை மண் தராது.

உளுந்து விதையும் ரைசோபியமும் மதுரை வேளாண்மைக் கல்லூரி வளாகத்தில் உள்ள வேளாண்மை அறிவியல் நிலையத்தில் விசாரித்துப் பெறலாம். ஆடிக்கு ஒரு மாதம் முன்பே பாத்தியைக் கொத்தி இரண்டு கூடை தொழு உரம் பரப்பிவைத்தால், முதல் மழைக்கு விதை தயாராக இருக்கும்.