கேமரா இருக்கிறது, பதிவு யாரிடம் இருக்கிறது?

"குற்றங்களைக் குறைக்க நவீனத் தொழில்நுட்பமே சிறந்த வழி. விவாதித்து எழுதுக." இப்படி ஒரு தலைப்பு கொடுத்தால் நம் மாணவர்களில் பலரும் ஒரே மாதிரிதான் எழுதுகிறார்கள். கேமரா நல்லது, குற்றவாளி சீக்கிரம் பிடிபடுவான், 'ஆயினும் தனியுரிமை பாதிக்கப்படும்', அவ்வளவுதான், முடிவுரை. அந்த மூன்றாவது கருத்து ஒரே வரியில் நின்றுவிடுகிறது. மதிப்பெண் இருப்பதே அங்கேதான். அந்த வரியை எப்படி விரிப்பது என்று பார்ப்போம்.

மாணவர்களே, முதலில் உங்கள் பையில் இருக்கும் ஐசியை எடுங்கள். இது எப்போது வந்தது தெரியுமா? 1948-இல், அவசரகாலம் அறிவிக்கப்பட்ட பிறகு. காட்டுக்குள் இருந்த கம்யூனிஸ்டுகளையும் ஊர் மக்களையும் பிரித்து அறிவதற்காக, 12 வயதுக்கு மேற்பட்ட எல்லாருக்கும் படமும் பெருவிரல் ரேகையும் வைத்த அட்டையை ஆங்கிலேய அரசு கட்டாயமாக்கியது. தோட்டத்து லயத்தில் இருந்த நம் தாத்தா பாட்டிமார்களும் அப்படித்தான் ரேகை வைத்தார்கள். அவசரகாலம் 1960 ஜூலை 31-இல் முடிந்தது. அட்டை முடியவில்லை. 2001-இல் அது சில்லு பதித்த மைகார்டு ஆனது; ரேகை இப்போது அந்தச் சில்லுக்குள் இருக்கிறது. வங்கிக் கணக்குத் திறக்க, மருத்துவமனையில் பதிய, தேர்வு எழுத எல்லாவற்றுக்கும் அதுதான். இது தவறு என்று சொல்லவில்லை. நீலமா சிவப்பா என்ற கவலையிலேயே காலம் கழித்த தோட்டக் குடும்பங்களுக்கு, ஐசி இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பது நன்றாகவே தெரியும். ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். காவலுக்காக ஒரு கருவி வந்தால், வந்த வேலை முடிந்ததும் அது போய்விடுவதில்லை. வேறு வேலை பழகிக்கொள்கிறது. கட்டுரையில் எழுத இது வலுவான முதல் கருத்து.

அடுத்து, மெர்போக் கடைவீதியில் ஒரு கடைக்குள் நுழைகிறீர்கள். மேலே கேமரா. நம் நாட்டில் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2010 (சட்டம் 709) இருக்கிறது. 2013 நவம்பர் 15-இல் நடைமுறைக்கு வந்தது. வணிக நோக்கில் உங்கள் தகவலைச் சேகரிப்பவர், எதற்காகச் சேகரிக்கிறார் என்பதைத் தேசிய மொழியிலும் ஆங்கிலத்திலும் எழுத்தில் தெரிவிக்க வேண்டும். சரி, அதே வீதியில் அரசு நிறுவிய கேமராவுக்கு? சட்டத்தின் 3-ஆம் பிரிவு தெளிவாகச் சொல்கிறது: இந்தச் சட்டம் மத்திய, மாநில அரசுகளைக் கட்டுப்படுத்தாது. மளிகைக் கடைக்காரருக்கு விதி உண்டு, அரசாங்கத்துக்கு இந்தச் சட்டத்தில் விதி இல்லை. இந்த ஒரு விவரத்தைத் தெரிந்து எழுதும் மாணவரின் கட்டுரை தனியாகத் தெரியும்.

அப்படியானால் பாதுகாப்பே இல்லையா என்று கேட்பீர்கள். கூட்டரசு அரசியலமைப்பில் 'தனியுரிமை' என்ற சொல் கிடையாது. ஆனால் சிவராசா ராசையா தொடுத்த வழக்கில் கூட்டரசு நீதிமன்றம், 5-ஆம் பிரிவு பேசும் தனிமனித சுதந்திரத்துக்குள் தனியுரிமையும் அடங்கும் என்று 2009-இல் குறிப்பிட்டது. இந்தியாவில் ஒன்பது நீதிபதிகள் அமர்வு 2017 ஆகஸ்ட் 24-இல் இதையே அடிப்படை உரிமை என்று விரிவாகத் தீர்ப்பளித்தது.

"தப்பு செய்யாதவனுக்கு என்னங்க பயம்? கேமரா இருந்தா நல்லதுதானே?" வகுப்பில் யாராவது ஒருவர் இதைக் கேட்காமல் இருக்க மாட்டார். கேள்வி நியாயமானதுதான். தனியுரிமை பேசுவது என்றால் கேமராவை எதிர்ப்பது என்று அர்த்தமில்லை. அதற்குத் தமிழ்நாட்டிலிருந்தே ஒரு வழக்கைப் பார்க்கலாம்.

தூத்துக்குடி மாவட்டம் சாத்தான்குளத்தில் கைப்பேசிக் கடை வைத்திருந்தவர்கள் ஜெயராஜும் மகன் பென்னிக்ஸும். கொரோனா ஊரடங்கின்போது நேரம் கடந்து கடை திறந்திருந்ததாகச் சொல்லி, 2020 ஜூன் 19-இல் போலீஸ் பிடித்துப் போனது. சில நாட்களுக்குள் இருவரும் இறந்தார்கள்: மகன் 22-ஆம் தேதி இரவு, தந்தை மறுநாள் காலை. அவர்கள் தரையில் உருண்டு புரண்டதால் காயம் ஏற்பட்டது என்றது முதல் தகவல் அறிக்கை. பக்கத்துக் கடையின் கேமராப் பதிவு வெளியே வந்தது. அப்படி எதுவும் அதில் இல்லை. காவல் நிலையத்திலும் கேமரா இருந்தது. நீதிமன்ற உத்தரவின்படி விசாரிக்கப் போன மாஜிஸ்திரேட் பார்த்தபோது, அந்த இரவின் பதிவு அங்கே இல்லை. சேமிக்க 1 டெராபைட் இடம் இருந்தும், ஒவ்வொரு நாளும் பதிவு தானாக அழிந்துவிடும்படி அமைத்து வைத்திருந்தார்கள். அந்த நிலையத்திலேயே வேலை செய்த ஒரு பெண் காவலர் துணிந்து சாட்சி சொன்னதால்தான் இரவில் நடந்தது வெளியே வந்தது.

இரண்டு கேமராக்கள், இரண்டும் வேலை செய்தன. ஒன்றின் பதிவு கடைக்காரர் கையில் இருந்தது, மற்றொன்றின் பதிவு விசாரிக்கப்பட வேண்டியவர்கள் கையிலேயே இருந்தது. அதே ஆண்டு டிசம்பர் 2-இல் இந்திய உச்ச நீதிமன்றம் வேறொரு வழக்கில், எல்லாக் காவல் நிலையங்களிலும் ஒலியோடு பதிவாகும் கேமரா வேண்டும், பதிவை 18 மாதம் வைத்திருக்க வேண்டும் என்று உத்தரவிட்டது. கேமரா வை என்பதோடு நிற்காமல், எத்தனை நாள் வை என்றும் சொன்னதுதான் அந்தத் தீர்ப்பின் பலம்.

நம் நாட்டிலும் இதற்கு இணையான வேதனை உண்டு. 2009 ஜனவரியில் சுபாங் ஜெயாவில் போலீஸ் காவலில் இருந்த 22 வயது ஏ. குகன் இறந்தார். நுரையீரலில் நீர் கோத்ததுதான் காரணம் என்றது முதல் பிரேதப் பரிசோதனை. சவக்கிடங்கில் உறவினர்கள் கைப்பேசியில் எடுத்த படங்கள் வேறு கதை சொல்லின. மலாயா பல்கலைக்கழக மருத்துவமனையில் நடந்த இரண்டாவது பரிசோதனை, அடிபட்டுத் தசை சிதைந்து சிறுநீரகம் செயலிழந்ததைக் காட்டியது. 2013-இல் உயர் நீதிமன்றம் குடும்பத்துக்கு இழப்பீடு வழங்கத் தீர்ப்பளித்தது. போலீஸ் மீதான புகார்களை விசாரிக்க, சுயேச்சை போலீஸ் நடத்தை ஆணையம் 2023 ஜூலை 1 முதல் இயங்குகிறது. அதுவும் பரிந்துரைக்கலாமே தவிர, நேரடியாகத் தண்டிக்க முடியாது.

முகத்தை அடையாளம் காணும் கேமரா பற்றியும் கொஞ்சம். நமக்குப் பக்கத்திலேயே பினாங்கில் 2019 தொடக்கத்தில் இதைக் கொண்டுவந்தார்கள். ஒரு கணக்குப் போடுங்கள். ஆயிரம் பேரில் ஒருவரை மட்டும் தவறாகக் காட்டும் கருவி என்று வைத்துக்கொள்வோம். கேட்க நல்ல கருவிதான். நாளுக்குப் பத்தாயிரம் பேர் நடக்கும் இடத்தில் அது தினமும் பத்து அப்பாவிகளைச் சுட்டும். அந்தத் தவறும் எல்லார் மீதும் சமமாக விழுவதில்லை. அமெரிக்கத் தர நிர்ணய அமைப்பு 2019-இல் வெளியிட்ட ஆய்வில், பல மென்பொருள்கள் வெள்ளையர்களைவிட ஆசிய, ஆப்பிரிக்க முகங்களை 10 முதல் 100 மடங்கு வரை அதிகமாகத் தவறாகப் பொருத்தின. டெட்ராய்ட் அருகே ராபர்ட் வில்லியம்ஸ் என்ற கறுப்பினத்தவர் 2020 ஜனவரியில் இப்படித்தான் தன் வீட்டு வாசலில், பிள்ளைகள் பார்க்க, கைவிலங்கு மாட்டப்பட்டார். நம் நிறத்துப் பிள்ளைகளுக்கு இது தூரத்துச் செய்தி இல்லை.

கைப்பேசி பற்றி மாணவர்கள் அடிக்கடி கேட்பதால் ஒரு குறிப்பு. குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 116பி பிரிவு, சோதனை நடத்தும் போலீஸ் அதிகாரிக்குக் கணினித் தரவைப் பார்க்க அனுமதி தருகிறது. கடவுச்சொல்லும் அதில் சேரும். 'சட்டப்படி சோதனை நடத்தும்' என்பதுதான் அங்கே முக்கியமான சொற்றொடர். கட்டுரையில் அதை விட்டுவிட்டு 'போலீஸ் எப்போது வேண்டுமானாலும் பார்க்கலாம்' என்றோ, 'பார்க்கவே கூடாது' என்றோ எழுதினால் இரண்டுமே பிழை.

ஆசிரியர்களுக்கு: எழுதச் சொல்வதற்கு முன், மெர்போக்கிலோ சுங்கை பட்டாணியிலோ மாணவர்கள் வழக்கமாகப் போகும் வீதியில் எத்தனை கேமராக்கள் இருக்கின்றன, எத்தனைக்குக் கீழே அறிவிப்பு ஒட்டியிருக்கிறது, அதில் பொறுப்பாளர் பெயரும் தொடர்பு எண்ணும் இருக்கின்றனவா என்று குறித்துவரச் சொல்லுங்கள். பெயரில்லாத கேமராக்களின் எண்ணிக்கையைக் கரும்பலகையில் எழுதிவிட்டு விவாதத்தைத் தொடங்கலாம்.