விண்கலப் படைகளில் ரஸ்து காப்போர்

வாளேந்திப் போர்க்களம் புகுந்த வீரனைப் பாடிய புலவர் பலர். அவ்வாளை வடித்துக் கொடுத்த கொல்லனை நினைந்தோர் மிகச் சிலரே. அச்சிலருள் பொன்முடியார் ஒருவர். புறநானூற்றின் 312-ஆம் செய்யுளில் தாய், தந்தை, அரசன், இளவீரன் ஆகியோர்க்குரிய கடமைகளை எண்ணிச் செல்லும் அப்புலவர், வேல் செய்து தரும் கொல்லனையும் அவர்தம் வரிசையிலேயே நிறுத்தினார். இது பெருமைக்குரிய செய்தியே. ஆயினும் அக்கொல்லனுடைய பெயர் யாது, உலைக்களத்தின் வெம்மையில் அவன் எண்ணியது யாது, வென்ற பொருளில் அவனுக்கும் பங்கு உண்டா என்பவற்றை நாம் அறியோம்.

இவ்வினாக்களை இக்காலத்தில் எழுப்பி ஆராயும் இலக்கியம் ஒன்று உண்டு. அதுவே விஞ்ஞானக் கற்பனைக் கதை. விண்மீன்களுக்கிடையே செல்லும் பெருங்கலங்களையும், அவற்றின் தலைவரையும், அவர் புரியும் போரையுமே இக்கதைகள் விரித்துரைக்கும் என்று பலர் எண்ணுவர். அவ்வெண்ணம் முற்றும் பொருந்துவதன்று. கலத்தின் அடித்தளத்தில் குழாயைச் செப்பனிடுவோன், சமைப்போன், கணக்கெழுதுவோன், எரிபொருள் வடிப்போன் ஆகியோர் எவ்வாறு மதிக்கப்படுகின்றனர் என்பதும் அவற்றிற் காணக்கிடக்கின்றது. அதனை எடுத்துக்காட்டுவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இவ்வாராய்ச்சிக்கு ஓர் அளவுகோல் வேண்டும். அதனை வேதாகமத்திலிருந்து எடுத்துக்கொள்வோம். சாமுவேலின் முதலாம் புத்தகம் 30-ஆம் அதிகாரத்தில் வரும் வரலாறு, நம்மில் பலர் ஓய்வுநாட் பாடசாலையிலேயே கேட்டதாகும். சிக்லாகு என்னும் ஊரை அமலேக்கியர் சுட்டெரித்துப் பெண்டிரையும் பிள்ளைகளையும் சிறைகொண்டு சென்றனர். தாவீது 600 பேரோடு அவர்களைப் பின்தொடர்ந்தான். பேசோர் ஆற்றைக் கடக்கமாட்டாமல் களைத்துப்போன 200 பேர் அங்கேயே தங்கி ரஸ்துக்களைக் காத்தனர். ஏனைய 400 பேர் சென்று பொருது யாவற்றையும் மீட்டுத் திரும்பினர். அப்பொழுது வென்றோருள் சிலர், உடன் வாராதவர்க்கு அவரவர் மனைவி மக்களையன்றி வேறொன்றும் கொடோம் என்று வாதித்தனர். தாவீதோ அதற்கு உடன்படாது, களம் புகுந்தோர்க்கும் ரஸ்து காத்தோர்க்கும் பங்கு ஒன்றே எனத் தீர்ப்பளித்து, அதனை இஸ்ரவேலுக்கு நிலையான கட்டளையாகவும் ஏற்படுத்தினான். தங்கியிருந்தோரை அவன் நலம் உசாவினான், சரிபங்கும் கொடுத்தான். ஆனால் அவர்களைப் போற்றி ஒரு சொல்லும் அவன் கூறியதாக அங்கே எழுதப்படவில்லை. புகழ் வேறு, பங்கு வேறு என்னும் இவ்வேற்றுமையை மனத்திற் கொண்டு மேலே செல்வோம்.

கடலிற் செல்லும் கப்பலுக்குக் கரை உண்டு. அதிலிருப்போர் மூச்சுவிடக் காற்றும் உண்டு. விண்கலத்திற்கோ இவ்விரண்டும் இல்லை. உள்ளிருப்போர் விடும் நச்சுக்காற்றை நீக்குதல், நீரைத் தூய்மை செய்து மீண்டும் வழங்குதல், இயந்திரங்களின் வெப்பத்தை வெளியேற்றுதல், கழிவை அகற்றுதல் ஆகிய யாவும் இடைவிடாது நடைபெறல் வேண்டும். 1970-ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்தில் அப்போலோ 13 என்னும் கலம் வழியிற் பழுதுற்றபோது இவ்வுண்மை வெளிப்பட்டது. கரியமிலவாயுவை உறிஞ்சும் சதுரப் பெட்டிகள், சிறு கலத்திலிருந்த வட்ட அமைப்புக்குப் பொருந்தவில்லை. அட்டை, பை, குழாய், ஒட்டுநாடா ஆகிய எளிய பொருள்களைக் கொண்டே அவற்றைப் பொருத்தும் வழியைப் பூமியிலிருந்த பொறியாளர் கண்டு சொல்ல, மூவர் உயிர் தப்பியது. ஆகவே விண்கலத்தில் சிப்பந்தி வேலை என்பது புறவேலை அன்று, உயிர்நிலையே அதுதான்.

இனி, கதைகளை நோக்குவோம். அவற்றுள் உலகெங்கும் பெயர்பெற்றது, 1966-ஆம் ஆண்டில் அமெரிக்கத் தொலைக்காட்சியில் தொடங்கிய 'ஸ்டார் டிரெக்' ஆகும். அதில் எண்டர்பிரைஸ் என்னும் கலத்தின் தலைமைப் பொறியாளர் ஸ்காட். அவ்வேடத்தைத் தாங்கி நடித்தவர் ஜேம்ஸ் டூஹன். அவரைக் கண்டே பொறியியல் பயிலப் புகுந்தோம் என்று கூறியோர் பலர். அமெரிக்காவின் மில்வாக்கி நகரப் பொறியியற் கல்லூரி அவருக்குக் கௌரவப் பட்டமும் வழங்கிற்று. இயந்திர அறையில் நிற்போனும் கதைத்தலைவனுக்கு நிகராக விரும்பப்படலாம் என்பதை இது நிலைநாட்டிற்று.

ஆயினும் அவ்விருப்பத்தின் தன்மையைச் சற்றே உற்றுநோக்குதல் வேண்டும். அத்தொடரின் வழிவந்து 1984-ஆம் ஆண்டில் வெளியான மூன்றாவது திரைப்படத்தில், மராமத்துக்கு வேண்டிய காலத்தை எப்பொழுதும் நான்கு மடங்காக்கியே தாம் சொல்வதாக ஸ்காட் ஒப்புக்கொள்கிறார். அங்ஙனம் சொன்னாலன்றி, அற்புதம் செய்வோர் என்று தாம் பெற்ற பெயர் நிலைக்குமா என்பது அவர் கேள்வி. இது நகைச்சுவையாகக் கூறப்பட்டதேயாயினும் இதனுள் ஒரு துயரம் பொதிந்துள்ளது. செப்பனிடுவோன் தன் வேலையை நன்கு செய்தால் ஒன்றும் பழுதாவதில்லை. ஒன்றும் பழுதாகாவிடில் அவனை ஒருவரும் நினைப்பதில்லை. ஆதலின் அவன் மதிப்புப் பெற வேண்டுமாயின், கலம் வெடிக்குந் தறுவாயில் அற்புதம் ஒன்றைக் காட்டியாக வேண்டும். அன்றாட உழைப்பிற்கு அங்கே புகழும் இல்லை.

அதே கலத்தில் ஸ்காட்டைப் போலவே செந்நிறச் சட்டை அணிந்தோர் வேறு பலரும் இருந்தனர். இயந்திரப் பணியாளர்க்கும் காவலர்க்கும் உரிய நிறம் அது. புதியதோர் உலகில் இறங்கியவுடன் முதற்கண் மடிபவர் பெயரறியாத செஞ்சட்டைக்காரர் ஒருவரே என்பது, பார்ப்போரிடையே பழமொழி போலாயிற்று. அபாயத்தின் கடுமையைக் காட்டக் கதைக்கு ஓர் உயிர் வேண்டும்; தலைவனைக் கொல்லுதல் இயலாது; ஆகவே சிப்பந்தி மடிகிறான். இவ்வழக்கத்தை எள்ளி நகையாடி ஜான் ஸ்கால்சி என்பார் 2012-ஆம் ஆண்டில் 'ரெட்ஷர்ட்ஸ்' என்னும் நாவலை எழுதினார். அதில் வரும் கீழ்நிலைப் பணியாளர், தம் தோழர் வரம்பின்றி மடிவதன் காரணத்தை ஆராய்கின்றனர். திறமையின்றி எழுதப்படும் தொலைக்காட்சிக் கதையொன்றுக்குத் தம் வாழ்வு கட்டுண்டிருப்பதை அறிந்து, அதனை எழுதுவோரையே நேரிற் கண்டு முறையிடப் புறப்படுகின்றனர். இந்நூல் 2013-ஆம் ஆண்டில் ஹியூகோ பரிசு பெற்றது. சிப்பந்தியின் உயிரை மலிவாக்குவது விண்வெளியின் கொடுமையன்று, கதை சொல்வோனின் மறதியே என்பது இதனால் விளங்கும்.

வேறொரு வழியும் உண்டு. ராபர்ட் ஹைன்லைன் 1959-ஆம் ஆண்டில் வெளியிட்ட 'ஸ்டார்ஷிப் ட்ரூப்பர்ஸ்' என்னும் நாவலில், விண்ணிலிருந்து குதித்துப் போர் புரியும் படையொன்று வருகிறது. அப்படையில் சமையற்காரரும் குருவானவருங்கூடப் படைக்கலந் தாங்கிக் குதிக்கின்றனர். போர் செய்யாதோர் என ஒருவரும் இலர். இது சமத்துவம் போலத் தோன்றும். ஆனால் கொல்லனை மதிப்பதற்கு அவனையும் வீரனாக்கியே தீர வேண்டும் என்பது, கொல்லன் தொழிலுக்குச் செய்யும் மரியாதையாகுமா? பேசோர் ஆற்றங்கரையில் இருந்தோரைத் தாவீது போருக்கு இழுத்துச் செல்லவில்லை. இருந்த இடத்திலேயே அவர்களுக்குப் பங்கு கிடைத்தது.

சிப்பந்தியைச் சிப்பந்தியாகவே வைத்து, அவன் கண்வழியே கதையைச் சொல்லும் நூல்கள் இவற்றினும் மேலானவை. ஜப்பானிய ஆசிரியர் மகோட்டோ யுகிமுரா 1999 முதல் 2004 வரை வரைந்தெழுதிய 'பிளானெட்டீஸ்' என்னும் சித்திரக்கதை, பூமியைச் சுற்றி மிதக்கும் குப்பையைப் பொறுக்கும் தொழிலாளரைப் பற்றியது. குப்பைதானே என்று இகழ்வதற்கில்லை. பூமிக்கு அணித்தாகச் சுற்றும் பொருள்கள் நொடிக்கு 7 கிலோமீட்டருக்கு மேற்பட்ட விரைவிற் செல்வன. அவ்விரைவில் ஒரு திருகாணியும் துப்பாக்கிக் குண்டினும் கொடியதாம். 2009-ஆம் ஆண்டு பிப்ரவரி 10-ஆம் நாள் இரிடியம் 33 என்னும் செயற்கைக்கோளும், செயலிழந்த காஸ்மாஸ் 2251 என்பதும் விண்ணில் மோதிச் சிதறின. இது கற்பனையன்று, நிகழ்ந்ததே. கதையில் வரும் யூரி என்பவன், பயணிகள் கலமொன்றைச் சிறு குப்பைத்துண்டு தாக்கியதால் தன் மனைவியை இழந்தவன்; இழந்தபின் குப்பை பொறுக்க வந்தவன். அத்தொழிலின் மதிப்பை அவனுக்கு ஒருவரும் எடுத்துரைக்க வேண்டுவதில்லை.

பெக்கி சேம்பர்ஸ் என்னும் அம்மையார் 2014-ஆம் ஆண்டில் வெளியிட்ட முதல் நாவலிலே, விண்வெளியில் வழி தோண்டும் கலமொன்றில் வேலைக்கு வரும் ரோஸ்மேரி என்னும் குமாஸ்தாப் பெண்ணோடு கதை தொடங்குகிறது. அக்கலத்தில் சமைப்பவரே மருத்துவரும் ஆவார். இவ்வாறே ஸ்டார் டிரெக் கதையின் கிளையாக 2020 முதல் 2024 வரை வந்த 'லோயர் டெக்ஸ்' என்னும் கேலிச்சித்திரத் தொடரில், நடைவழியில் அமைந்த அடுக்குப் படுக்கைகளில் உறங்கும் இளநிலைப் பணியாளரே கதைமாந்தர். பெயர்பெற்ற கலங்கள் புதிய உலகத்தாரை முதன்முதற் கண்டு திரும்பிய பின்னர், இரண்டாம் முறை சென்று எஞ்சிய வேலைகளை முடித்தலே இவர்தம் கலத்தின் கடமை.

நிற்க. சிப்பந்தியின் கதை சொல்லப்பட்டுவிட்டாற் போதுமா? பங்கு எங்கே என்னும் வினா இன்னும் எஞ்சியுள்ளது. 1979-ஆம் ஆண்டில் வெளிவந்த 'ஏலியன்' என்னும் திரைப்படத்தில், வாணிகக் கலமொன்றில் எழுவர் செல்கின்றனர். அவருள் பார்க்கர், பிரெட் என்னும் இயந்திரப் பணியாளர் இருவரும், நெடுந்துயில் நீங்கி உணவுண்ண அமர்ந்தவுடனேயே, தம் பங்குத்தொகை மற்றவர்க்குச் சமமாக இல்லை என்று முறையிடுகின்றனர். அதனை ஒருவரும் பொருட்படுத்துவதில்லை. படம் பார்ப்போரும் நகைத்துவிட்டுக் கடந்து செல்வர். ஆனால் விண்ணிற் கண்ட கொடிய உயிரைக் கொணர்தலே முதன்மை, கலத்திலுள்ளோர் மடியினும் மடிக என்று முதலாளிகளாகிய கம்பெனியார் மறைவாக ஆணையிட்டிருந்தது பின்னர் வெளிப்படுகிறது. இருவர் பங்கைக் குறைத்த அதே கணக்கு, முடிவில் அனைவர் உயிரையும் கழித்துவிட்டது.

பங்கு என்பது பணம் மட்டுமன்று என்பதை, 2004 முதல் 2009 வரை நடைபெற்ற 'பாட்டில்ஸ்டார் கலாக்டிகா' என்னும் தொலைக்காட்சிக் கதை தெளிவாகக் காட்டுகிறது. பன்னிரண்டு உலகங்களும் பகைவரால் அழிந்தபின், எஞ்சிய ஏறத்தாழ 50,000 மக்கள் ஒரு போர்க்கலத்தின் காவலில் பல கலங்களில் அலைகின்றனர். அவர்களுக்கு எரிபொருள் வடித்துத் தரும் கலத்தில், தொழிலாளர் ஓய்வின்றிப் பழுதான இயந்திரங்களோடு மாய்கின்றனர். 2007-ஆம் ஆண்டில் வந்த ஒரு பகுதி அவர்களைப் பற்றியது. அங்கே சிறுவரும் உழைக்கின்றனர். பெற்றோர் தொழிலே பிள்ளைகளுக்கும் விதியாகும் நிலை தோன்றுகிறது. ஆள் சேர்க்கச் சீட்டு எடுத்தபோதும், முன்பு உடலுழைப்புச் செய்தோரையே தேர்ந்தமையால், சுமை மீண்டும் எளியோர் தலைமேலேயே விழுந்தது. பிறப்பினாலே தொழில் அமைவதன் கொடுமையை நம் நாட்டவர்க்கு விரித்துரைக்க வேண்டுவதில்லை.

அப்பகுதியில் சீலிக்ஸ் என்னும் பணிப்பெண் ஒருத்தி வருகிறாள். போர்விமானம் ஓட்டக் கற்கும் தகுதி அவளுக்கு உண்டு. எனினும், விமானங்களைச் செப்பனிடும் வேலையில் அவள் இன்றியமையாதவள் என்று காரணங்காட்டி அவள் விண்ணப்பத்தைத் தள்ளிவிடுகின்றனர். அவளை மதிக்கவில்லை என்று யார் கூற முடியும்? அவளது மதிப்பே அவளுக்கு விலங்காயிற்று. இறுதியில் மராமத்துத் தலைவனாகிய டைரல் வேலைநிறுத்தம் தொடங்குகிறான். படைத்தலைவர் அவன் மனைவியைச் சுட்டுக் கொல்வதாக அச்சுறுத்த, அவன் பணிகிறான். ஆயினும் அதன்பின் ஆட்சித்தலைவியோடு பேசும் வாய்ப்பு அவனுக்குக் கிடைக்கிறது. தொழிற்சங்கம் மீண்டும் உயிர் பெறுகிறது. சீலிக்ஸ் விமானம் ஓட்டக் கற்கச் செல்கிறாள். ஓய்வு, பேசும் உரிமை, வேறு தொழிலை நாடும் உரிமை ஆகிய மூன்றுமே ரஸ்து காப்போர் வேண்டும் பங்கு என்பது இதனாற் பெறப்படும்.

மெய்வரலாறும் இதற்கு விலக்கன்று. 1969-ஆம் ஆண்டு ஜூலை மாதத்தில் நிலவில் அடிவைத்த இருவர் பெயரைச் சிறுவரும் அறிவர். அப்போலோத் திட்டத்தில் உழைத்தோரோ ஏறத்தாழ 4,00,000 பேர். அவ்விருவர் அணிந்த உடையின் 21 அடுக்குகளைத் தைத்தோர் அமெரிக்கத் தையற்பெண்கள். ஒரு தையல் பிசகினும் உயிர் போகும் என்பதை அறிந்தே அவர்கள் ஊசி பிடித்தனர்.

நம் கல்லூரி ஆண்டுவிழாவில் நன்றியுரை கூறுவோர், பெயர்கள் பலவற்றை முறைப்படி கூறியபின், உதவி புரிந்த மற்றெல்லார்க்கும் நன்றி என்று முடிப்பது வழக்கம். அதிகாலையில் விடுதி அடுப்பை மூட்டுவோர், கூடத்தைப் பெருக்குவோர், நாற்காலி சுமப்போர், கழிவறை கழுவுவோர் யாவரும் 'மற்றெல்லார்' என்னும் அவ்வொரு சொல்லுள் அடங்குவர். நன்றி கூறுதல் நன்றே. அதனைக் குறைகூற யான் புகவில்லை. ஆனால் தாவீதின் அளவுகோல் கேட்கும் கேள்வி வேறு. அவர்தம் பிள்ளைகள் இவ்வகுப்பறைகளில் நம்மருகே அமர்ந்து பயில்கின்றனரா? இக்கேள்விக்கு விடையளிக்க நாம் விண்மீன் வரை செல்ல வேண்டுவதில்லை.