பருத்த உடலும் பறக்கும் ஆசனமும்

திருவிழா என்றால் ராட்டினமும் உண்டு என்று பழகியவர்கள் நாஞ்சில் நாட்டார். கோட்டாற்றுச் சவேரியார் கோவில் திருவிழாவானாலும், மண்டைக்காட்டு அம்மனின் மாசிக் கொடையானாலும், வளையல் கடைக்கும் மிட்டாய்க் கடைக்கும் அப்பால் ஒரு ராட்டினம் சுழன்றுகொண்டிருப்பது நமக்குப் பிள்ளைப் பிராயம் முதல் பழக்கமான காட்சி. கையால் தள்ளிச் சுற்றும் அந்தப் பழைய மரத் தொட்டில் ராட்டினத்தில் ஏற வந்தவர் ஸ்தூல சரீரியாக இருந்தால், ராட்டினக்காரர் ஒரே பார்வையில் அவருடைய பாரத்தை மதிப்பிட்டு, "அண்ணாச்சி, நீங்க இந்தப் பெட்டியில இருங்க" என்று மரியாதையாகச் சொல்லி, எதிர்ப்பெட்டியில் மூன்று பிள்ளைகளை ஏற்றிச் சமன் செய்துகொண்டு தம் வேலையைப் பார்ப்பார். உட்கார இருந்தது ஒரு பலகை. பலகைக்கு இடுப்பளவு தெரியாது. 1893-இல் சிகாகோ கண்காட்சியில் ஜார்ஜ் ஃபெர்ரிஸ் என்ற எஞ்சினீயர் 264 அடி உயரத்துக்கு எழுப்பிய ராட்சத ராட்டினத்தில் 36 பெட்டிகள், பெட்டிக்கு 60 பேர்; அத்தனை விசாலத்தில் யார் பருமன், யார் மெலிவு என்று கேட்க எவருக்கும் அவசியம் நேரவில்லை.

ஆசனம் ஆளுக்கு ஒன்றாகப் பிரிந்து, அதன்மேல் ஓர் இரும்புக் கம்பியும் வந்து பூட்டிக்கொண்ட பிறகுதான் கேள்வி எழுந்தது. இன்று நம் மாவட்டத்துக் குடும்பங்கள் விடுமுறை வந்தால் கன்னியாகுமரியிலேயே உள்ள பேவாட்ச் பூங்காவுக்குப் போகின்றன. (மூன்று கடலையும் பக்கத்திலே வைத்துக்கொண்டு காசு கொடுத்து நனையப் போகும் ரசனையைப் பற்றி நான் தர்க்கம் செய்யப்போவதில்லை.) எல்லை கடந்து வெம்பாயத்து ஹாப்பிலாண்டுக்குப் போகிறவர்களும் உண்டு. பள்ளிக்கூடப் பிள்ளைகளோ, 2000-ஆம் ஆண்டில் வீகாலாந்து என்ற பெயரோடு தொடங்கி இப்போது வொண்டர்லா என்று வழங்கும் கொச்சிப் பூங்காவை எண்ணி, இரவெல்லாம் பஸ்ஸில் பாட்டுப் பாடிக்கொண்டு போகிறார்கள். இப்படிப்பட்ட எந்த உல்லாசப் பிரயாணத்திலும், வெயிலில் நெடுநேரம் வரிசையில் நின்று, படியேறி, ஆசனத்தில் அமர்ந்து, கம்பி பூட்டிக்கொள்ள மறுத்ததனால் அத்தனை பேர் பார்க்க இறங்கி வருகிற சித்தியோ மாமாவோ ஒருவர் இருக்கத்தான் இருக்கிறார். 2019-21-இல் நடந்த தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டில் பெண்களில் நூற்றுக்கு 40 பேரும் ஆண்களில் நூற்றுக்கு 37 பேரும் உயரத்துக்கு மிஞ்சிய எடை உள்ளவர்கள். இதை எழுதுகிறவனும் அந்த 37-இல் அடக்கம். இவர்கள் எல்லோருக்குமே ஆசனம் பற்றாமல் போவதில்லை, பெரும்பாலோர் தாராளமாக அமரலாம். ஆயினும் 'நமக்குப் பற்றுமோ, பற்றாதோ' என்ற சந்தேகத்தினாலேயே கைப்பையைக் காத்துக்கொண்டு கீழே பெஞ்சில் உட்கார்ந்துவிடுகிறவர்கள் அநேகர். அவர்களை உத்தேசித்தே இந்தக் கட்டுரை.

கம்பி எதற்கு என்பதை முதலில் தெரிந்துகொள்வது நலம். ரோலர் கோஸ்டர் ஒரு மேட்டின்மேல் ஏறி, உச்சியைத் தாண்டிச் சடாரென்று கீழே வளைகிற அந்தக் கணத்தில், வண்டி கீழே போகிறது. உடலோ, தான் போய்க்கொண்டிருந்த மேல்நோக்கிய வழியிலேயே இன்னும் சிறிது போகப் பார்க்கிறது. வயிற்றுக்குள் ஏதோ குறுகுறுப்பதாக நாம் உணர்வது இதைத்தான். அந்தக் கணத்தில் நம்மை ஆசனத்தோடு பிணைத்திருப்பது கம்பி ஒன்றே. மடிமேல் விழும் கம்பி, இடுப்புக் கணுவை ஒட்டித் தொடைகளின்மேல் அழுந்தி நிற்க வேண்டும் என்பது அதை வகுத்தவர்களின் கணக்கு. வயிறு பெரிதாக இருப்பவருக்கு அது தொடையை எட்டாமல் வயிற்றின்மேலேயே நின்றுவிடுகிறது; வயிறோ மிருதுவானது; உடல் மேலே எழும்பும்போது வயிறு அமுங்கிக் கொடுக்க, கம்பிக்கும் தொடைக்கும் நடுவே, ஆள் நழுவிப் போகப் போதுமான இடைவெளி உண்டாகிறது. பார்வைக்குப் பூட்டியதாகத் தோன்றும் கம்பி உண்மையில் எதையும் பூட்டவில்லை என்பதே இதன் அபாயம். அதனால்தான் கம்பி 'க்ளிக், க்ளிக்' என்று பல்பல்லாக இறங்கும்படி செய்து, குறிப்பிட்ட ஒரு பல்லுக்குக் கீழே வந்தால் மட்டுமே வண்டி நகரும்படி யந்திரத்துக்குள்ளேயே ஒரு நிபந்தனையையும் வைத்திருக்கிறார்கள்.

இதிலிருந்து இன்னொரு விஷயமும் விளங்கும். தராசில் நூறு கிலோ காட்டுகிற இருவரில் ஒருவர் சுகமாக உட்கார்ந்து போவதும், மற்றவர் இறங்கி வருவதும் சகஜம். அகன்ற இடுப்புள்ளவருக்குக் கிண்ணம்போல் குழிந்த ஆசனம் இடைஞ்சல். பெரிய வயிற்றுக்காரருக்கு மடிக்கம்பி பகை. அகன்ற மார்பும் உயரமும் உள்ளவருக்கு, அவர் கொழுத்தவராக இல்லாமல் பளு தூக்கும் பயில்வானாகவே இருந்தாலும், தோள்மேல் இறங்கும் கவசம் பூட்டாது. 2023-இல் ஃபுளோரிடாவின் டிஸ்னி பூங்காவில் திறந்த 'ட்ரான்' என்ற கோஸ்டரில் மோட்டார் சைக்கிளில் குனிவதுபோல் குனிந்து உட்கார வேண்டும். அங்கே தடை கெண்டைக்காலில். ஆகவே, பிரச்சினை எடையைப் பற்றியது என்பதைவிட வடிவத்தைப் பற்றியது என்பதே பொருந்தும். அந்த ட்ரான் வண்டிகள் சிலவற்றின் கடைசியில் சாதாரணமாகச் சாய்ந்து உட்காரும் ஆசனமும் வைத்திருக்கிறார்கள் என்பது, மனம் இருந்தால் வழி பிறக்கும் என்பதற்குச் சாட்சி.

மனமும் வழியும் இல்லாமல், விதியை வளைக்கும் துணிச்சல் மட்டும் இருந்தால் என்ன நேரும் என்பதற்கும் சாட்சி உண்டு. 2022 மார்ச் 24-ஆம் தேதி இரவு, அதே ஃபுளோரிடாவின் ஆர்லாண்டோ நகரில், 430 அடி உயரக் கோபுரத்தின் உச்சிக்கு ஆசனங்களைத் தூக்கிச் சென்று கீழே விழவிடும் 'ஃப்ரீ ஃபால்' என்ற விளையாட்டில், பதினான்கே வயதான, மிகப் பெரிய சரீரம் வாய்ந்த ஒரு பையன் ஆசனத்திலிருந்து நழுவி விழுந்து இறந்தான். யந்திரத்தைச் செய்தவர்களின் கையேடு 130 கிலோவுக்கு மேற்பட்டவர்களை ஏற்றலாகாது என்றது; பையன் 170 கிலோவுக்கும் மேல். அந்த ஆசனத்தில் தோள்கவசம் உண்டு, இடுப்புவார் கிடையாது. விசாரணையில் தெரிந்தது இன்னும் கொடியது: அந்த ஆசனத்தின் உணர்கருவியை யாரோ கையால் திருத்தி வைத்திருந்தபடியால், கவசத்துக்கும் ஆசனத்துக்கும் நடுவே இருக்கவேண்டியதைவிட அதிக இடைவெளி இருந்தும், 'பூட்டியாயிற்று' என்ற விளக்கு எரிந்தது. மறு வருஷம் அந்தக் கோபுரத்தையே பிரித்து எடுத்துவிட்டார்கள். பருத்தவரிடம் 'முடியாது' என்று சொல்ல வேண்டிய யந்திரத்தின் வாயை அடைத்துவிட்டார்களே என்று எண்ணும்போது மனம் பதறுகிறது.

ஆகவே, கம்பியை இயக்கும் இளைஞன் "லாக் ஆகல சார், இறங்கிக்கிடுங்க" என்று சொன்னால், அவன் நம்மை அவமதிக்கவில்லை, உயிரைக் காக்கிறான் என்று கொள்ளவேண்டும். நம் ஊரில் நடப்பதோ வேறு. கூட வந்த மைத்துனர், "கொஞ்சம் அமுக்கினா பூட்டிரும் மக்கா" என்று ஒரு பக்கம் கையைப் போட, பின்னால் நிற்கும் அறிமுகமில்லாத ஒருவர் மறு பக்கம் போட, இருவருமாக அமுக்கிக் கடைசிப் பல்லில் எப்படியோ சிக்கவைத்துவிடுவார்கள். உள்ளே இருப்பவர் மூச்சை அடக்கிக்கொண்டு, போதும் போதும் என்று சிரிப்பார். மூச்சை அடக்கினால்தான் பூட்டும் என்ற நிலையில் உள்ள கம்பியில் ஒருவரும் பயணம் செய்யலாகாது. அதே வரிசையில் சிரிப்பவர்களைப் பற்றியும் ஒரு வார்த்தை: பெருவயிற்றுப் பிள்ளையாருக்கு முதல் தேங்காயை உடைத்துவிட்டு மற்றக் காரியங்களைத் தொடங்குகிற நாட்டில், பருத்த மனிதன் ஒருவன் ஆசனத்திலிருந்து எழுந்து வருவது மட்டும் ஏன் இத்தனை பெரிய ஹாஸ்யமாகிறது என்பது எனக்கு விளங்கியதே இல்லை. சினிமா நம்மை அப்படிப் பழக்கியிருக்கிறது என்பது ஓரளவுக்குச் சரியான சமாதானம்.

நீர்ச்சறுக்குகளில் கணக்கு வேறு. அங்கே கம்பி அதிகம் இல்லை, எடைதான் பேசும். பாரம் கூடக் கூட, காற்றும் நீரும் தரும் தடை அதே விகிதத்தில் கூடுவதில்லையாதலால், பருத்தவர் மெலிந்தவரைவிட வேகமாக இறங்குவார். கான்சாஸ் நகரத்தில் 2014-இல் திறந்த 'வெருக்ட்' என்ற 168 அடிச் சறுக்கில், மூவர் அமரும் மிதவைக்கு மொத்த எடை 400 முதல் 550 பவுண்டு என்று வரம்பு வைத்திருந்தார்கள். 2016 ஆகஸ்டு 7-ஆம் தேதி, இரண்டு பெண்களுக்கு முன்னே பத்து வயதுச் சிறுவன் ஒருவன் அமர்ந்து சென்றான். மொத்த எடை வரம்புக்குள்தான் இருந்தது. ஆனால் பாரமெல்லாம் பின்னே, இலேசெல்லாம் முன்னே. மேட்டில் மிதவை எழும்பிப் பறந்தது. சிறுவன் மேலே இருந்த இரும்பு வளையத்தில் மோதி இறந்தான். மிதவையில் யார் எங்கே உட்காருவது என்று ஊழியர் சொன்னால், அந்தச் சொல்லுக்கு மறுசொல் வேண்டாம். முழங்கால் வலியுள்ளவர்கள் சறுக்கைவிட அதன் படிக்கட்டுக்கே அதிகம் யோசிக்க வேண்டியிருக்கும் என்பதும் அனுபவம்.

உடையும் ஒரு சங்கடம். நீர்ப்பூங்காக்களில் பருத்திச் சேலையையும் வேட்டியையும் தண்ணீருக்குள் விடுவதில்லை. நைலான் உடை வேண்டும், இல்லையேல் அங்கேயே வாடகைக்கு எடுக்கவேண்டும். வாடகை உடையின் மிகப் பெரிய அளவும் நமக்குப் பற்றாதபோது, நுழைவுச்சீட்டுக்குக் கொடுத்த பணம் வீண். ஊரிலிருந்து புறப்படுவதற்கு முன்னமே தையற்காரரிடம் நைலானில் தளர்வாகத் தைத்து வைத்துக்கொள்வது உத்தமம்.

கேளிக்கை இல்லாத இடத்திலும் இதே சங்கதி உண்டு. விவேகானந்தர் பாறைக்குப் பூம்புகார்க் கழகத்துப் படகில் ஏறும் எல்லோருக்கும் ஆரஞ்சு நிற மிதவை அங்கியை மாட்டுகிறார்கள். அந்த அங்கியின் வார் பெரிய மார்பைச் சுற்றி எட்டாதபோது, பலரும் அதைத் தோளில் போட்டுக்கொண்டு பேசாமல் உட்கார்ந்துவிடுகிறார்கள். கட்டாத அங்கி தண்ணீரில் உடலை விட்டுத் தனியே மிதந்து போய்விடும். கொழுப்பு நீரைவிட இலேசானது. ஆகையால் பருத்தவரை மிதக்கவைக்கத் தனியாகப் பெரிய மிதப்பு தேவையில்லை. பெரியவர்களுக்கான அங்கியைத் தேர்ந்தெடுப்பதும் எடையைக் கொண்டு அல்ல, மார்பின் சுற்றளவைக் கொண்டுதான். வார் மட்டும் நீளமாக உள்ள சில அங்கிகள் போதும். கூச்சத்தை விட்டு "பெரிய சைஸ் ஒண்ணு தாங்க அண்ணே" என்று கேட்டு வாங்கிக் கட்டிக்கொள்ள வேண்டும்.

பூங்காவில் பருத்தவர்கள் செய்யக்கூடியவை சில உண்டு. பையிலுள்ள பணப்பையையும் போனையும் எடுத்துவிட்டு, பின்புறம் ஆசனத்தின் முதுகில் ஒட்டும்படி நன்றாகப் பின்தள்ளி உட்கார்ந்து, நிமிர்ந்து, வயிற்றைச் சற்றே மேலே தூக்கிக் கம்பியை அதன் அடியில் தொடைமேல் இறக்கினால், பூட்டாது என்று நினைத்த எத்தனையோ கம்பிகள் பூட்டும். ஒரே வண்டியில் எல்லா ஆசனங்களும் ஒரே அளவு அல்ல. பெரிய உடலுக்கென்று சில வரிசைகளில் நீண்ட வாரோடு ஆசனம் அமைப்பது மேல்நாட்டுக் கோஸ்டர்கள் பலவற்றில் வழக்கம். விமானத்தில் தருவதுபோல் நீட்டிப்பு வார் கேட்டால் பூங்காவில் தரமாட்டார்கள். யந்திரத்தைச் செய்தவர் அனுமதிக்காத வாரைச் சேர்க்க அவர்களுக்கு அதிகாரம் இல்லை.

கடைசியாகப் பூங்கா முதலாளிகளுக்கு ஒரு விண்ணப்பம். ஆர்லாண்டோவில் 2010-இல் யூனிவர்சல் நிறுவனம் ஹாரி பாட்டர் சவாரியைத் திறந்தபோது, வரிசையின் வாயிலிலேயே சவாரியில் உள்ளதுபோன்ற ஓர் ஆசனத்தை வைத்தார்கள். விரும்பியவர் உட்கார்ந்து, கம்பியை இறக்கிப் பார்த்து, பற்றினால் வரிசையில் நிற்கலாம், பற்றாவிட்டால் யாரும் அறியாமல் வேறு பக்கம் போகலாம். உங்கள் பூங்காக்களிலும், ஒவ்வொரு பெரிய விளையாட்டின் முன்னும் அப்படி ஓர் ஆசனத்தை வைத்து, எடை, மார்பளவு, இடுப்பளவு ஆகியவற்றின் வரம்பைத் தமிழிலும் மலையாளத்திலும் எழுதி, நுழைவுச்சீட்டு விற்கும் ஜன்னலருகே மாட்டிவிடுங்கள். உங்களிடம் கழற்றிப் போட்ட பழைய ஆசனம் ஒன்றாவது இருக்கும். புதிதாக வாங்கக்கூட வேண்டியதில்லை.