அறுகோண மட்டை

மேசைப்பந்து மட்டை எந்த அளவிலும், எந்த வடிவத்திலும், எந்த எடையிலும் இருக்கலாம். அனைத்துலக மேசைப்பந்துச் சம்மேளனத்தின் விதி அப்படித்தான் தொடங்குகிறது. பிளேடு எனப்படும் மரப்பகுதி தட்டையாகவும் விறைப்பாகவும் இருக்க வேண்டும். அதன் தடிமனில் குறைந்தது 85 விழுக்காடு இயற்கை மரமாக இருக்க வேண்டும். மர அடுக்குகளை ஒட்டும் பசைப் படலத்தில் கார்பன் இழை, கண்ணாடி இழை, அழுத்திய காகிதம் போன்றவற்றைச் சேர்க்கலாம். அந்தப் படலம் மொத்தத் தடிமனில் 7.5 விழுக்காட்டையோ 0.35 மில்லிமீட்டரையோ, இரண்டில் எது குறைவோ அதைத் தாண்டக் கூடாது. பிளேடைப் பொறுத்தவரை முக்கியக் கட்டுப்பாடு இவ்வளவுதான்.

பிளேடின் மேல் ஒட்டும் ரப்பருக்கோ கட்டுப்பாடு மிக அதிகம். சம்மேளனத்தின் அங்கீகாரப் பட்டியலில் பெயர் இல்லாத ரப்பரைப் பெரிய போட்டிகளில் பயன்படுத்த முடியாது. ஒவ்வொரு ரப்பரிலும் முத்திரையும் எண்ணும் பொறித்திருக்கும். பிளேடுக்கு அப்படி ஒரு பட்டியலே இல்லை. விதிக்கு உட்பட்டிருந்தால் போதும், விற்கலாம், ஆடலாம். பெட்டியின் மேல் அச்சிட்டிருக்கும் வேகம், கட்டுப்பாடு பற்றிய எண்கள் அந்தந்த நிறுவனம் தானே போட்டுக்கொண்டவை. ஒரு நிறுவனத்தின் 90-ஐ இன்னொரு நிறுவனத்தின் 90-உடன் ஒப்பிடப் பொது அளவுகோல் கிடையாது. புதுமையும் விளம்பரமும் ஒன்றோடொன்று கலந்து நிற்பது இந்த இடைவெளியில்தான்.

கடந்த சில ஆண்டுகளில் அதிகம் பேசப்பட்டது ஸ்வீடனின் ஸ்டிகா நிறுவனம் கொண்டுவந்த சைபர்ஷேப் பிளேடு. அதன் தலை வட்டமாக இருக்காது. பிடியிலிருந்து கிளம்பும் பக்கங்கள் நேர்கோடாக விரிந்து, நடுவைத் தாண்டி நுனிப் பக்கம் உச்ச அகலத்தை எட்டி, அங்கிருந்து உள்நோக்கித் திரும்பித் தட்டையான நுனியில் முடிகின்றன. 2021 நவம்பரில் அமெரிக்காவின் ஹூஸ்டனில் நடந்த உலகப் போட்டியில் 19 வயது ட்ரூல்ஸ் மோரேகோர்ட் இந்த மட்டையோடு இறுதி ஆட்டம் வரை வந்தார். தரவரிசையில் வெகு பின்னால் இருந்தவர் அவர். இறுதியில் சீனாவின் ஃபான் ஜென்டோங்கிடம் தோற்றாலும், அறுகோண மட்டையை உலகமே பார்த்துவிட்டது. 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் அதே ஃபானிடம் இறுதியில் தோற்று வெள்ளி வென்றார்; 2025 ஆகஸ்டில் சொந்த நாடான ஸ்வீடனின் மால்மோ நகரில் ஐரோப்பா ஸ்மாஷ் பட்டத்தையும் வென்றார்.

வடிவம் மாறினால் என்ன மாறும் என்பதற்கு இயற்பியல் தெளிவான விடை வைத்திருக்கிறது. வளைந்த தோள்பட்டையைக் குறைத்து நுனிப் பக்கம் மரத்தைக் கூட்டினால், எடை கையை விட்டு விலகிப் போகிறது. செம்பனைக் குலை வெட்டும் நீண்ட கம்பின் முனையில் அரிவாள் சற்றே கனத்தால் மணிக்கட்டு உடனே உணர்வதைப் போன்றது இது. சுழற்றுவதற்கான எதிர்ப்பு, எடையை விடத் தூரத்தையே அதிகம் நம்பியிருக்கிறது. தூரத்தின் வர்க்கமாக அது கூடும். ஐந்து கிராம் மரத்தைக் கைப்பிடியிலிருந்து 10 சென்டிமீட்டர் தள்ளி இருந்த இடத்திலிருந்து 14 சென்டிமீட்டருக்கு நகர்த்தினால், அந்த ஐந்து கிராமின் பங்கு ஏறக்குறைய இரட்டிப்பாகும். பந்தின் மேல் பாயும் வேகம் கூடும். ஃபோர்ஹேண்டிலிருந்து பேக்ஹேண்டுக்கு மட்டையைத் திருப்புவது ஒரு நொடியின் மிகச் சிறு பங்கு தாமதமாகும். மட்டை குறைவாக அதிரும் இடமும் சற்றே நுனிப் பக்கம் நகரும்; மேசையிலிருந்து விலகி நின்று டாப்ஸ்பின் அடிப்பவர் பந்தைத் தொடுவதும் பெரும்பாலும் அந்த இடத்தில்தான். ஆக, அறுகோணம் ஏதோ செய்கிறது என்பது உண்மை.

எவ்வளவு செய்கிறது என்பதுதான் விளம்பரம் சொல்லாதது. இரு பக்கமும் ரப்பர் ஒட்டிய மட்டை 180 கிராம் அளவில் இருக்கும். மேலே சொன்ன ஐந்து கிராம் நகர்வை முழு மட்டையின் சுழல் எதிர்ப்போடு ஒப்பிட்டால் தோராயமாக இரண்டு விழுக்காடு தேறும். ரப்பரின் பஞ்சுத் தடிமனை ஒரு படி குறைத்தாலோ கூட்டினாலோ, அல்லது பசையை இரண்டு முறை பூசினாலோ, இதே அளவு வேறுபாடு வந்துவிடும். நாள்தோறும் ஐந்தாறு மணி நேரம் ஆடும் ஒருவர் அந்த இரண்டு விழுக்காட்டை உணர்ந்து பயன்படுத்துவார். வாரம் இரண்டு மாலை ஆடுபவருக்கு அது வந்ததும் தெரியாது, போனதும் தெரியாது.

வடிவ மாற்றம் புதிதும் அன்று. பேனா பிடிக்கும் பாணியில் ஆடிய ஜப்பானியரும் கொரியரும் பல பத்தாண்டுகளாகச் செவ்வக மட்டையையே பயன்படுத்தினார்கள். ஹினோக்கி எனும் ஜப்பானியச் சைப்ரஸ் மரத்தின் ஒற்றைப் பலகை அது. நுனியில் கனம், ஒரு பக்கம் மட்டுமே ரப்பர். 2004 ஏதென்ஸ் ஒலிம்பிக் இறுதியில் தென்கொரியாவின் ரியூ சுங்மின் இந்த வகை மட்டையோடு சீனாவின் வாங் ஹாவை வென்று தங்கம் எடுத்தார். அறுகோணம் அந்தப் பழைய உத்தியைக் கைகுலுக்கும் பிடிக்குக் கொண்டுவந்திருக்கிறது. அதற்கான பெருமையைக் கொடுக்கலாம். அதற்கு மேல் கொடுக்க ஒன்றுமில்லை. பிடியின் அடியில் குடைந்து உள்ளே வெற்றிடம் வைத்த மட்டைகளும் இதே கணக்கில் சேரும். எடை தலைப் பக்கம் போகிறது, அதிர்வு கையில் வேறு மாதிரி கேட்கிறது, அவ்வளவுதான்.

உண்மையில் ஆட்டத்தை மாற்றியவை கண்ணுக்குத் தெரியாத மாற்றங்கள். பட்டர்ஃபிளை நிறுவனத்தின் விஸ்காரியா பிளேடு 1993-இல் வந்தது. பார்வைக்கு எந்தப் பழைய மட்டையையும் போலத்தான் இருந்தது. வெளி மர அடுக்குக்குக் கீழே அரிலேட் இழையும் கார்பன் இழையும் சேர்த்து நெய்த மெல்லிய துணி இருந்தது. கார்பன் பந்தை வேகமாக விட்டது. அரிலேட் அதன் கரடான அதிர்வை அடக்கியது. 2012 லண்டன் ஒலிம்பிக் வெற்றியாளர் ஜாங் ஜிக்கே ஆடியது விஸ்காரியாவில். வந்து முப்பது ஆண்டு கடந்தும் அதன் அமைப்பைப் பல நிறுவனங்கள் பின்பற்றுகின்றன. பிற்பாடு அதே இழையை நடு மரத்தை ஒட்டி உள்ளே தள்ளி வைத்தார்கள். மென்மையாகத் தொடும்போது மரத்தின் உணர்வும், ஓங்கி அடிக்கும்போது இழையின் வேகமும் கிடைத்தன. போட்டி நிறுவனங்களும் எதிராளிகளும் ஒன்றைத் தாங்களே எடுத்துக்கொள்கிறார்களா என்பதை விட நேர்மையான சோதனை வேறு இல்லை.

அந்தச் சோதனையின் மிகப் பெரிய உதாரணம் இந்திய மண்ணில் நடந்தது. 1952-இல் பம்பாயில் உலகப் போட்டி. அதுவரை மட்டை என்றால் மரத்தின் மேல் புள்ளி ரப்பர். அடித்தால் டக் டக் என்று ஓசை கேட்கும், அந்த ஓசையை வைத்தே பந்தின் வேகத்தை எதிராளி கணிப்பார். ஜப்பானிலிருந்து முதல் தடவையாக உலகப் போட்டிக்கு வந்த அணியில் ஹிரோஜி சாட்டோ என்பவர் இருந்தார். மூக்குக் கண்ணாடி அணிந்த, ஒல்லியான மனிதர். அவருடைய மட்டையில் தடித்த பஞ்சு ஒட்டியிருந்தது. பந்து அதில் பட்டால் ஓசையே இல்லை. பஞ்சுக்குள் அமுங்கி, எதிர்பாராத வேகத்தில் கிளம்பியது. ஐரோப்பாவின் பெயர்பெற்ற ஆட்டக்காரர்கள் திகைத்துப்போனார்கள். அமெரிக்காவின் மார்ட்டி ரீஸ்மன் தோற்றார். இறுதியில் ஹங்கேரியின் யோசெஃப் கோட்சியானை வென்று சாட்டோ உலகப் பட்டத்தை எடுத்துச் சென்றார்.

சாட்டோ அதற்குப் பின் உலகப் பட்டம் வெல்லவில்லை. அவர் கருவியோ நிலைத்தது. 1954-இல் லண்டனில் இச்சிரோ ஒகிமுரா பஞ்சு மட்டையோடு வென்றார். மற்றவர்களும் அதற்கு மாறினார்கள். ஆட்டம் கைமீறிப் போகிறது என்ற அச்சத்தில் 1959-இல் சம்மேளனம் எல்லை வகுத்தது: வெறும் பஞ்சு கூடாது, பஞ்சின் மேல் ரப்பர் இருக்க வேண்டும், இரண்டும் சேர்ந்து நான்கு மில்லிமீட்டருக்கு மிகக் கூடாது. இன்று அங்கீகாரம் பெற்ற ஒவ்வொரு ரப்பரும் அந்த விதிக்குள் அடங்கியதே. வியப்பால் ஒரு வெற்றி கிடைக்கலாம்; எதிராளிகள் பழகிய பிறகும் அந்தக் கருவி நின்றால்தான் அது புதுமை. பம்பாய்ப் பஞ்சு நின்றது.

ஜொகூர் வாசகர்களுக்கு இன்னும் அருகில் ஓர் உதாரணம் உண்டு. 2018 கோல்ட் கோஸ்ட் காமன்வெல்த் போட்டியில் இந்தியாவின் மணிகா பத்ரா, சிங்கப்பூரின் ஃபெங் தியன்வேயைக் குழு இறுதியிலும் ஒற்றையர் அரையிறுதியிலும் வீழ்த்தி, இறுதியில் இன்னொரு சிங்கப்பூர் வீராங்கனை யூ மெங்யூவையும் வென்று தங்கம் எடுத்தார். அவருடைய பேக்ஹேண்டில் நீளப் புள்ளி ரப்பர். எதிராளியின் சுழற்சியை அப்படியே தலைகீழாகத் திருப்பி அனுப்பும். 2024 பூசான் குழு உலகப் போட்டியில், சுழற்சி பிடிக்காத ரப்பரோடு ஆடிய ஐஹிகா முகர்ஜி உலக முதல்நிலை வீராங்கனை சுன் இங்ஷாவைத் தோற்கடித்தார். இரண்டுமே ரப்பரின் கதைகள். பந்தைத் தொடுவது ரப்பர்; பிளேடின் விளிம்பு எந்த வடிவம் என்பது பந்துக்குத் தெரியாது.

பாரிஸ் ஒலிம்பிக்குக்குத் திரும்பினால் கவனிக்க வேண்டிய ஒரு நிகழ்ச்சி இருக்கிறது. ஜூலை 30 அன்று கலப்பு இரட்டையர் தங்கம் வென்ற சீனாவின் வாங் சூச்சினின் மட்டை, புகைப்படக்காரர்களின் நெரிசலில் மிதிபட்டு உடைந்தது. மறுநாள் மாற்று மட்டையோடு இறங்கிய அவர் மோரேகோர்ட்டிடம் 4-2 என்ற கணக்கில் தோற்றார். அறுகோணம் வென்றது என்று எழுதுவது எளிது. மட்டை உடைந்ததால் தோற்றார் என்று எழுதுவதும் எளிது. இரண்டையும் நிரூபிக்க வழியில்லை. அந்த ஆட்டத்தில் மோரேகோர்ட் சர்வீஸிலும், பந்தின் போக்கைக் கடைசி நொடியில் மாற்றுவதிலும் மிகச் சிறப்பாக ஆடினார். மட்டையின் பேரால் விற்கப்படுவது அந்தக் கையின் திறமை. இன்னொன்றும் உண்டு: மரம் ஒன்றுபோல் ஒன்று இருப்பதில்லை. ஒரே பெயர், ஒரே ஆலை, ஒரே அளவு என்றாலும் இரண்டு பிளேடுகளின் எடை சில கிராம் மாறும். விரலால் சுண்டினால் ஓசை மாறும். தொழில்முறை ஆட்டக்காரர்கள் ஒரே மாதிரியில் பல பிளேடுகளை வரவழைத்து நிறுத்துப் பார்த்து, தட்டிக் கேட்டு ஒன்றைப் பொறுக்குவது அதனால்தான்.

கூலாய் மாவட்டத்தில், செடெனாக் போன்ற ஊரில், பால்மரம் போய்ச் செம்பனை வந்த தோட்டப்புறத்தில் ஆடுகிறவர் வாங்குவதற்கு முன் எண்ணிப் பார்க்க வேண்டியவை வேறு. முதலாவது, காற்றின் ஈரம். குளிரூட்டி இல்லாத மண்டபத்தில் மாலை மழைக்குப் பின் ஆடும்போது ரப்பரின் மேல் கண்ணுக்குத் தெரியாத ஈரப்படலம் படிந்து பந்து வழுக்குகிறது. எந்த வடிவ பிளேடும் அதைச் சரிசெய்யாது. ரப்பரைத் துடைத்து, உறையிட்டு மூடி வைப்பதே வழி. மெருகுப் பூச்சு இல்லாத மரமும் ஈரத்தை உறிஞ்சும். ரப்பரைப் பிரித்தெடுக்கும்போது மேலடுக்கு நார் நாராகப் பெயர்ந்துவரும் தொல்லைக்கு, ஒட்டுவதற்கு முன் மெல்லிய மெருகு ஒரு பூச்சு போட்டாலே தீர்வு.

இரண்டாவது, செலவு. நல்ல கார்பன் பிளேடு பல நூறு ரிங்கிட் ஆகும். அறுகோணத்துக்கு மாறுபவர் அதோடு தப்ப முடியாது. ரப்பர் பிளேடின் விளிம்பு வரை எட்ட வேண்டும், விளிம்பைத் தாண்டக் கூடாது என்பது விதி. வட்டத் தலைக்கு வெட்டிய பழைய ரப்பரை அறுகோணத்தின் மேல் வைத்தால் மேல் மூலைகள் இரண்டும் மரமாகத் தெரியும். எனவே இரண்டு பக்கமும் புது ரப்பர் வாங்கியாக வேண்டும். புது ரப்பர் ஒட்டிய எந்த மட்டையும் நன்றாகவே அடிக்கும். அந்த நன்மையைப் பிளேடின் கணக்கில் எழுதிக்கொள்வதும் வழக்கமாகிவிட்டது.

ஒரு மன்றத்தில் நான்கைந்து பேர் சேர்ந்தால் இதைச் சோதித்துப் பார்க்கலாம். ஒரு வட்ட பிளேடு, ஓர் அறுகோண பிளேடு. இரண்டிலும் இழை ஒரே வகை, எடை ஒரே அளவு. ஒரே பெயர், ஒரே தடிமன் கொண்ட புது ரப்பரை ஒரே நாளில் ஒட்ட வேண்டும். ஆடுபவரிடம் முன்கூட்டி எதையும் சொல்லாமல், மாற்றி மாற்றிக் கொடுத்து, மேசையின் மூலையில் வைத்த தாளைத் தொடும் பந்துகளை மற்றொருவர் எண்ண வேண்டும். வடிவம் கண்ணுக்குத் தெரிவதால் ஆடுபவரின் எதிர்பார்ப்பை முழுக்க அகற்ற முடியாது. ஆகவே அவர் சொல்லும் உணர்வை விட, தாளைத் தொட்ட பந்துகளின் எண்ணிக்கைக்கே மதிப்புக் கொடுக்க வேண்டும். பல நாள் திரும்பச் செய்தும் வேறுபாடு நின்றால் அந்தக் கைக்கு அந்த மட்டை பொருந்துகிறது. பேக்ஹேண்டில் மேசையை ஒட்டி நின்று பிளாக் செய்பவருக்குப் பெரும்பாலும் வட்டமே வசதியாக இருக்கும். விலகி நின்று இரு பக்கமும் டாப்ஸ்பின் சுழற்றுபவருக்கு அறுகோணம் பயன்படலாம். பத்துப் பன்னிரண்டு வயதில் ஆட்டம் பழகும் பிள்ளைக்கு ஐந்து அடுக்கு மர பிளேடு போதும். நுனியில் கனத்த மட்டை அந்த வயதில் மணிக்கட்டைத் தவறாகப் பழக்கிவிடும்.