ஆரஞ்சு மண்ணைக் கண்டவர்

நிலவில் நடந்த பன்னிருவரில் தொழில்முறை விஞ்ஞானி ஹாரிசன் ஷ்மிட் ஒருவரே. மற்றவர்கள் விமானம் ஓட்டி விண்வெளிக்கு வந்தவர்கள். இவர் பாறை உடைத்து வந்தவர்.

1935இல் அமெரிக்காவின் நியூ மெக்சிகோ மாநிலத்தில் பிறந்தார். தந்தை சுரங்கங்களில் பணியாற்றிய புவியமைப்பியலாளர். மகனும் அதே துறையில் 1964இல் ஹார்வர்டில் முனைவர் பட்டம் பெற்றார். 1965இல் நாசா முதன்முறையாக விஞ்ஞானிகளை விண்வெளி வீரர்களாக எடுத்தபோது தேர்வாகி, அதன் பிறகே ஜெட் விமானம் ஓட்டப் பழகினார். மற்ற வீரர்களுக்குப் பாறைகளை இனங்காணக் கற்றுக்கொடுத்தார். நிலவுப் பயணமான அப்போலோ 18இல் அவர் போவார் என்று எதிர்பார்க்கப்பட்டது. 1970இல் அந்தப் பயணம் ரத்தானது. ஒரு விஞ்ஞானியாவது போக வேண்டும் என்று அறிவியலாளர்கள் வற்புறுத்த, விமானி ஜோ எங்கிலுக்குப் பதிலாக ஷ்மிட்டுக்கு அப்போலோ 17இல் இடம் கிடைத்தது.

1972 டிசம்பர் 11இல் சக வீரர் யூஜின் செர்னானுடன் நிலவின் டாரஸ்-லிட்ரோ பள்ளத்தாக்கில் இறங்கினார். இரண்டாவது நடையில், சுமார் 110 மீட்டர் அகலமுள்ள ஷார்ட்டி என்ற குழியின் விளிம்பில், அவருடைய காலடி கிளறிய இடத்தில் மண் ஆரஞ்சு நிறத்தில் தெரிந்தது. எங்கும் சாம்பல் நிறமே கண்டவர்களுக்கு இது பெரிய அதிர்ச்சி. அண்மைக்கால எரிமலை வாயு வெளியேறிய துளையோ என்ற எண்ணம் எழுந்தது. அங்கே நிற்க அரை மணி நேரமே இருந்தது. அதற்குள் பள்ளம் தோண்டி, குழாய் இறக்கி, மாதிரி எடுத்துவிட்டார்கள்.

ஆய்வகம் அந்த எண்ணத்தைக் கலைத்தது. மண்ணின் வயது சுமார் 360 கோடி ஆண்டுகள். அது நுண்ணிய கண்ணாடி மணிகளின் குவியல். நிலவின் ஆழத்தில் உருகிய பாறைக்குழம்பு மேலேறியபோது அழுத்தம் குறைந்தது. கரைந்திருந்த வாயு பிரிந்து குழம்பை நீரூற்றுபோல் பீய்ச்சியடித்தது. காற்றில்லாத, ஈர்ப்பு குறைந்த வெளியில் துளிகள் வெகுதூரம் பறந்து உறைந்தன.

சர்க்கரைப் பாகு மெல்ல ஆறினால் மூலக்கூறுகள் வரிசைகட்டிக் கற்கண்டாகும். சட்டென்று ஆறினால் ஒழுங்கு சேராமல் கண்ணாடி மிட்டாயாகும். ஆரஞ்சு மணிகள் மிட்டாய் வகை. நிறத்துக்குக் காரணம் டைட்டானியம். அதே பாகில் சற்று மெதுவாக ஆறிய துளிகளில் இல்மனைட் என்ற கனிமத்தின் படிகங்கள் விளைந்ததால் அவை கறுத்தன. குழாயில் ஆரஞ்சுக்கு அடியில் கிடைத்த கறுப்பு மணிகள் அவையே. பாகு பீறிடும் முன்பே அதில் சில கற்கண்டுகளும் வளர்ந்திருந்தன. ஒலிவின் என்ற அந்தக் கனிமப் படிகங்கள், வளரும்போதே பாகில் ஒரு சொட்டைத் தமக்குள் பொதிந்துகொண்டன. பறந்த துளிகள் தம்மில் கரைந்திருந்த நீரை விண்வெளியில் இழந்தன. படிகத்துக்குள் சிறைப்பட்ட சொட்டு இழக்கவில்லை.

அந்தச் சொட்டுகளை 2011இல் அளந்தபோது, பத்து லட்சத்தில் 615 முதல் 1,410 பங்கு வரை நீர் இருந்தது. பூமியின் கடலடி எரிமலைக் குழம்பில் இருக்கும் அளவுக்கு இது நெருக்கமானது. நிலவின் உள்பகுதி முற்றிலும் வறண்டது என்ற நெடுங்காலக் கருத்து இதனால் ஆட்டம் கண்டது. ஆனால் 'நிலவில் தண்ணீர்' என்ற தலைப்புகளைப் பார்த்துக் குடத்தைத் தூக்க வேண்டியதில்லை. இது கண்ணுக்குத் தெரியாத கண்ணாடிச் சொட்டில் அடைபட்ட நீர்.

ஷ்மிட் 1975இல் நாசாவை விட்டு விலகி, 1977 முதல் 1983 வரை அமெரிக்க செனட்டராக இருந்தார். பின்னர் நிலவின் ஹீலியம்-3ஐத் தோண்டி மின்சாரம் எடுக்கலாம் என்று நூல் எழுதி வாதாடினார். நிலவு மண்ணில் அது நூறு கோடியில் சில பங்கே உண்டு. ஒரு கிலோ எடுக்க லட்சம் டன் அளவில் மண்ணைச் சூடாக்க வேண்டும். அதை எரிக்கும் அணுப்பிணைவு மின்நிலையம் உலகில் ஒன்றுகூட இல்லை. அவர் சொன்ன ஹீலியத்தைவிட, அரை மணி நேரத்தில் அவர் அள்ளிவந்த மண்ணே பெரிய செல்வம்.