'எல்லாம் தலையெழுத்து' என்கிறோமே... காஞ்சிபுரம் சித்ரகுப்தர் என்ன கணக்கு எழுதுகிறார்?

ஆபீஸில் டார்கெட் முடியலையா? இஎம்ஐ கட்ட முடியலையா? காதல் கைகூடலையா? எல்லாத்துக்கும் நம்மிடம் ஒரே பதில் ரெடியாக இருக்கிறது: "எல்லாம் தலையெழுத்து!"

அந்தத் தலையெழுத்தை எழுதுபவர் பிரம்மா என்பது நம்பிக்கை. ஆனால், காஞ்சிபுரம் நெல்லுக்காரத் தெருவில் இன்னொரு 'எழுத்தர்' உட்கார்ந்திருக்கிறார். ஒரு கையில் எழுத்தாணி, இன்னொரு கையில் ஏடு. அவர்தான் எமதர்மனின் கணக்கர் சித்ரகுப்தர். எமனுக்குப் பக்கத்தில் நிற்கும் துணைப் பாத்திரமாகத்தான் பலருக்கும் இவரைத் தெரியும். இங்கே மூலவரே இவர்தான். இப்படித் தனிக்கோயில் அமைவது அபூர்வம்.

இருவரும் எழுதுகிறார்கள் என்றால், என்ன வித்தியாசம்?

முன்னால் எழுதுபவர், பின்னால் எழுதுபவர்

பிரம்மா எழுதுவது நாம் பிறக்கும் முன்பு. சித்ரகுப்தர் எழுதுவது நாம் ஒரு காரியத்தைச் செய்த பிறகு. அவர் எதையும் தீர்மானிப்பதில்லை. நடந்ததைப் பதிவு செய்கிறார், அவ்வளவுதான்.

'தலையெழுத்தே போன பிறவியின் வினைப்படிதானே அமைகிறது?' என்று நீங்கள் கேட்கலாம். அந்த நம்பிக்கைப்படியும் கணக்குக்குச் சரக்கு கொடுத்தவர் நாம்தான்!

சித்திரை மாதத்து சித்ரா பௌர்ணமி இந்தக் கோயிலின் முக்கிய நாள். அன்று சில வீடுகளில் பூஜையில் நோட்டும் பேனாவும் வைத்து சித்ரகுப்தரை வணங்குவார்கள். வருஷத்தில் ஒரு நாளாவது 'நம்ம கணக்கு எப்படி இருக்கு?' என்று நாமே கேட்டுக்கொள்வதற்கான நாள் என்றும் இதைப் பார்க்கலாம்.

பழமொழிகள் யார் பக்கம்?

'விதி வலியது' என்று சொல்லும் அதே ஊர், 'வினை விதைத்தவன் வினை அறுப்பான்' என்றும் சொல்கிறது. 'தன் வினை தன்னைச் சுடும்' என்கிறது. தன் தப்பை அடுத்தவர் மேல் போடுபவர்களுக்காகவே, 'ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம்' என்றொரு நக்கலும் வைத்திருக்கிறது.

கவனித்தால் ஒன்று புரியும். விதி பற்றிய பேச்சு பெரும்பாலும் காரியம் முடிந்த பிறகு, மனசைத் தேற்ற வருகிறது. வினை பற்றிய பேச்சு, காரியம் செய்யும் முன்பு எச்சரிக்க வருகிறது. இரண்டையும் இடம் மாற்றிப் போடும்போதுதான் சிக்கல்.

ஆப்பிரிக்காவிலும் ஒரு கணக்கர்

இந்தச் சிந்தனை நமக்கு மட்டும் சொந்தமில்லை. பண்டைய எகிப்தியர் நம்பிக்கைப்படி, இறந்தவரின் இதயத்தைத் தராசின் ஒரு தட்டில் வைப்பார்கள். மறு தட்டில், உண்மையையும் நீதியையும் குறிக்கும் 'மாஅத்' தேவதையின் இறகு. தராசு காட்டுவதைப் பக்கத்தில் நின்று எழுதிக்கொள்பவர் 'தோத்' என்ற எழுத்தர் கடவுள். கிட்டத்தட்ட அந்த ஊர் சித்ரகுப்தர்!

மேற்கு ஆப்பிரிக்காவில், இன்றைய நைஜீரியா, பெனின் பகுதிகளில் வாழும் யொரூபா மக்களிடம் 'ஓரி' என்ற கருத்து உண்டு. ஓரி என்றால் தலை. நம்மைப் போலவே அவர்களும் விதியைத் தலையோடுதான் சேர்க்கிறார்கள். ஆனால், ஒரு ட்விஸ்ட். அங்கே யாரும் தலையில் எழுதிவிடுவதில்லை. பூமிக்கு வரும் முன், அஜாலா என்ற குயவர் செய்து வைத்த தலைகளில் ஒன்றை ஒவ்வொருவரும் தாமே தேர்ந்தெடுக்கிறார்களாம். சரியாக வேகாத தலையை எடுத்துவிட்டால்? அதைச் சரிக்கட்ட உழைப்பு வேண்டும். நல்ல தலை கிடைத்தாலும் உழைப்பும் 'இவா' எனும் நற்குணமும் இல்லாமல் வாழ்க்கை சிறக்காது என்பது அவர்கள் நம்பிக்கை.

தறியில் உட்கார்ந்த குழந்தை யார் கணக்கில்?

மறுபடியும் காஞ்சிபுரத்துக்கு வருவோம். இங்கே இது தத்துவம் மட்டுமில்லை.

காஞ்சிப் பட்டின் சிறப்பு கோர்வை. உடலுக்கு ஒரு நிறம், கரைக்கு வேறு நிறம் என மூன்று நாடாக்கள் ஓடும். நெசவாளர் ஒருவரால் தனியாக முடியாது. உதவிக்குப் பக்கத்தில் இன்னொருவர் வேண்டும். அந்த 'இன்னொருவர்' பல வருஷங்கள் ஒரு குழந்தையாக இருந்த வரலாறு உண்டு. பெற்றோர் வாங்கிய முன்பணத்துக்காகப் பிள்ளைகள் தறிக்குப் போனார்கள். இந்தியப் பட்டுத் தொழிலில் கொத்தடிமைகளாக இருந்த குழந்தைகள் பற்றி 2003-ல் ஹியூமன் ரைட்ஸ் வாட்ச் வெளியிட்ட அறிக்கையில் காஞ்சிபுரமும் இடம்பெற்றது. கொத்தடிமை முறையை ஒழித்து, அதற்குக் காரணமான கடனையே செல்லாததாக்கிய சட்டம் 1976-லேயே வந்துவிட்டது. அதற்குப் பிறகும் இந்த நிலை.

அந்தப் பிள்ளையைப் பார்த்து 'அது தலையெழுத்து' என்று சொல்வது சுலபம். ஆனால் சித்ரகுப்தரின் ஏட்டில் அது யார் பெயரில் ஏறும்? வேலை செய்த குழந்தையின் பெயரிலா? முன்பணம் கொடுத்துக் கட்டிப்போட்டவர் பெயரிலா? தெரிந்தும் பேசாமல் இருந்தவர்கள் பெயரிலா? 'பழி ஓரிடம், பாவம் ஓரிடம்' என்ற பழமொழி இதற்குத்தான் பொருந்துகிறது.

அப்போ என்ன செய்யலாம்?

வினைக்கணக்கு நம்மை நாமே பார்த்துக்கொள்ள வைத்த கண்ணாடி. அதை அடுத்தவர் பக்கம் திருப்பி, 'நீ கஷ்டப்படுறது உன் கர்மா' என்று சொன்னால், அது பொறுப்பைத் தட்டிக்கழிக்கும் இன்னொரு வழியாகிவிடும்.

அடுத்த முறை 'எல்லாம் தலையெழுத்து' என்று வாய் வரைக்கும் வந்தால், ஒரு நிமிஷம் நிறுத்திக் கேட்டுப் பாருங்கள்: இதில் பிரம்மா எழுதியது எவ்வளவு, நான் எழுதியது எவ்வளவு?

முதல் பக்கத்தை யாராலும் திருத்த முடியாது. நெல்லுக்காரத் தெருவில் இருப்பவரோ இன்றைய பக்கத்தை இன்னும் எழுதிக்கொண்டிருக்கிறார்.