படிப்படியாக ஏறும் பாதை



மலை என்றதும் உங்கள் மனதில் என்ன தோன்றுகிறது? செங்குத்தான ஏற்றம், மூச்சிரைப்பு, பிறகு "இதெல்லாம் நமக்குச் சரிவராது" என்ற ஒரு பெருமூச்சு. அப்படித்தானே? அந்தப் பெருமூச்சுக்குப் பதில் சொல்லும் ஒரு பாதையைப் பற்றித்தான் இம்முறை உங்களோடு பேசப் போகிறேன்.

அந்தப் பாதை இங்கிலாந்தின் தென்மேற்கு மூலையில், டெவன் பிரதேசத்தில் இருக்கிறது. பிளிமத் என்ற துறைமுக நகரத்தையும் டாவிஸ்டொக் என்ற சிறு பட்டணத்தையும் இணைக்கும் அதன் நீளம் 21 மைல். 'டிரேக்ஸ் டிரெயில்' என்று பெயர். முதலில் ஆறு, பிறகு காடு, அதன்பின் மரங்களற்ற மேட்டுவெளி என்று அது போகும். அவ்வழியே துவிச்சக்கர வண்டியில் போகிறவர்கள் வாலிபர்கள் மட்டுமல்லர். கைக்குழந்தையைச் சிறு இழுவை வண்டியில் இருத்திக்கொண்டு போகும் தாய்மாரும், பேரப்பிள்ளை கண்ட பெண்களும் போகிறார்கள். மலைநாட்டுக்குள் இவர்களால் எப்படி ஏற முடிகிறது?

பதிலின் பாதி அவர்களது வண்டியில் இருக்கிறது. மறுபாதி பாதையில் இருக்கிறது.

ஒரு சொல்லின் வேர்

துவிச்சக்கர வண்டிக்கு அரபு மொழியில் 'தர்ராஜா' என்று பெயர். படிப்படியாக அடியெடுத்து வைத்து நடப்பதைக் குறிக்கும் வேரிலிருந்து வந்த சொல் அது. நம் வீடுகளுக்குப் பழக்கமான 'தரஜா' என்ற சொல்லும் அதே வேரில் பிறந்ததுதான். படிப்படியான முறையைக் குறிக்கும் 'தத்ரீஜ்' என்பதும் அதன் உடன்பிறப்பே. மாணவர்களுக்கு இந்த வேரை விளக்கும்போது நான் துவிச்சக்கர வண்டியையே உதாரணமாகச் சொல்வதுண்டு. அது பாய்ந்து ஏறாது. மிதிக்கு மிதி, கொஞ்சம் கொஞ்சமாகவே ஏறும்.

வண்டி பிறந்த கதை

மலைப் பாதைக்கென்றே அமைந்த துவிச்சக்கர வண்டிக்கு நீண்ட வரலாறு இல்லை. அமெரிக்காவின் கலிபோர்னியாவில், மரின் என்ற பகுதியில், 1970களில் சில இளைஞர்கள் பழைய தடித்த டயர் வண்டிகளை மலைக்கு ஏற்றிச் சென்று, மண் பாதைகளில் கீழே ஓட்டினார்கள். இறங்கி முடிப்பதற்குள் பிரேக்கின் கிரீஸ் சூடாகிப் புகைந்துவிடும். ஒவ்வொரு முறையும் புதுக் கிரீஸ் அடைக்க வேண்டும். அதனால் 1976 இல் அங்கு தொடங்கிய பந்தயத்துக்கே 'ரீபெக்' என்று பெயர் வந்தது. மீண்டும் அடைத்தல் என்பது அதன் பொருள். 1977 இல் ஜோ பிரீஸ் என்பவர் இந்த வேலைக்கென்றே ஒரு சட்டகம் செய்தார். 1981 இல் 'ஸ்டம்ப்ஜம்பர்' என்ற வண்டி பெருந்தொகையில் சந்தைக்கு வந்தது.

இந்தக் கதையில் ஆண்கள் மட்டும் இருந்தார்கள் என்று நினைத்துவிடாதீர்கள். வெண்டி கிராக் என்ற பெண்மணி ஆரம்பத்திலிருந்தே அவர்களோடு வண்டி ஓட்டினார். அந்த நாட்களைப் படம் பிடித்து வைத்தவரும் அவரே.

மலை வண்டியில் அப்படி என்ன விசேஷம்? டயர் அகலமானது, காற்றும் சற்றுக் குறைவாகவே அடிப்பார்கள். எனவே கல்லிலும் சேற்றிலும் பிடி நழுவாது. பிரேக் பலமானது. எல்லாவற்றுக்கும் மேலாக அதன் கியர். ஒரு மூட்டை அரிசியைத் தூக்க முடியாத பெண், அதையே சிறு பைகளில் பங்கிட்டு, பல தடவை நடந்து வீட்டுக்குள் சேர்த்துவிடுவாள் அல்லவா? கியர் செய்வதும் இதுதான். ஏற்றத்தில் தாழ்ந்த கியருக்கு மாற்றினால் அதிக தடவை மிதிக்க வேண்டும். ஆனால் ஒவ்வொரு மிதியும் இலேசானது. வேகம் குறையும், உயரம் கிடைக்கும்.

இப்போது மின்மோட்டார் துணைசெய்யும் வண்டிகளும் வந்துவிட்டன. பிரித்தானியச் சட்டப்படி அந்த மோட்டார் 250 வொட் வலுவுக்கு உட்பட்டிருக்க வேண்டும், மணிக்கு 15.5 மைல் வேகத்தை எட்டியதும் துணை நின்றுவிட வேண்டும். முழங்கால் வலியுள்ளவர்களுக்கும் இதனால் வழி திறந்திருக்கிறது.

புகையிரதம் விட்டுச்சென்ற சொத்து

இனிப் பாதைக்கு வருவோம். பிளிமத் என்றால் பிளிம் ஆற்றின் முகத்துவாரம் என்று பொருள். அந்த ஆற்றின் ஓரமாகவே பயணம் தொடங்குகிறது. பிளிம்பிரிஜ் என்ற இடத்தைத் தாண்டியதும் ஓக் மரக்காடு இருபுறமும் சூழ்ந்துகொள்ளும். அங்கே உங்கள் வண்டி உருளும் தரை, ஒரு காலத்தில் புகையிரதம் ஓடிய தரை.

பிளிமத்துக்கும் டாவிஸ்டொக்குக்கும் இடையிலான அந்தப் புகையிரதப் பாதை 1859 இல் திறக்கப்பட்டது. அதை அமைத்தவர் புகழ்பெற்ற பொறியியலாளர் புரூனல். அவர் காலமானதும் அதே ஆண்டில்தான். பள்ளத்தாக்குகளைக் கடக்க அவர் கற்தூண்களின் மீது மரப்பாலங்களை எழுப்பினார். பிற்காலத்தில் அவற்றுக்குப் பதிலாகப் பலமான பாலங்கள் வந்தன. இன்று கான் பாலத்தில் நின்று பார்த்தால், பக்கத்திலேயே புரூனலின் பழைய தூண்களின் மிச்சம் தெரியும். அருகிலுள்ள கைவிடப்பட்ட கற்சுரங்கத்தின் பாறையில் பெரெகிரின் என்ற வல்லூறு கூடு கட்டுகிறது. தொண்டர்கள் பாலத்தில் தொலைநோக்கிகளை வைத்து, வருவோர் போவோருக்கும் அதைக் காட்டுகிறார்கள்.

சகோதரிகளே, இங்கேதான் அந்த மறுபாதி பதில் இருக்கிறது. புகையிரதத்தால் செங்குத்தாக ஏற முடியாது. இரும்புத் தண்டவாளத்தில் இரும்புச் சக்கரம் வழுக்கும். ஆகவே கடினமான மலைநாட்டிலும் பாதை ஐம்பது, அறுபது அடி நீண்டுதான் ஓர் அடி உயர வேண்டும். அதற்காகப் பொறியியலாளர்கள் மலையைக் குடைந்தார்கள், பள்ளத்தைப் பாலத்தால் நிரவினார்கள். இயந்திரத்தின் பலவீனத்துக்காகச் செய்த அந்த வேலை, ஒரு நூற்றாண்டுக்குப் பின் பலவீனமான கால்களுக்கும் பயன்பட்டது!

காடு முடிந்து கிளியர்புரூக் என்ற சிற்றூரை அடையும்போது டார்ட்மூரின் விளிம்புக்கு வந்துவிடுவீர்கள். 1951 முதல் தேசிய பூங்காவாக இருக்கும் மேட்டுவெளி அது. பரப்பளவு 954 சதுர கிலோமீற்றர். குன்றுகளின் உச்சியில் கருங்கற் பாறைகள் அடுக்கி வைத்தாற்போல் நிற்கும். கோடை முடியும் காலத்தில் ஹெதர் செடிகள் நிலத்தையே ஊதா நிறமாக்கிவிடும். குட்டைக் குதிரைகள் வேலியின்றித் திரியும்.

வழி விடுதல்

இந்த வெளியில் நினைத்த இடமெல்லாம் வண்டி ஓட்ட முடியாது. நடப்பவர்களுக்கும் குதிரையில் செல்பவர்களுக்கும் திறந்த மேட்டுவெளியில் உரிமை உண்டு; துவிச்சக்கர வண்டிக்கு இல்லை. அது அதற்கென்று அனுமதிக்கப்பட்ட பாதைகளிலேயே செல்ல வேண்டும். குதிரைப் பாதைகளில் வண்டி ஓட்டும் உரிமையை 1968 ஆம் ஆண்டின் நாட்டுப்புறச் சட்டம் வழங்கியது. ஒரு நிபந்தனையும் விதித்தது: நடப்பவருக்கும் குதிரையில் வருபவருக்கும் வண்டிக்காரர் வழிவிட வேண்டும். வேகமானவர் மெதுவானவருக்காக ஒதுங்க வேண்டும் என்பது எவ்வளவு அழகான ஒழுங்கு!

உடைந்த பாலம்

இவ்வளவும் இலேசாகக் கிடைத்துவிடவில்லை. 1962 டிசம்பர் 29 ஆம் திகதி அந்தப் பாதையில் பயணிகள் புகையிரதம் கடைசி முறையாக ஓடியது. அன்று கடும் பனிப்புயல். கடைசிப் புகையிரதங்கள் பனியில் சிக்கி நின்றன. அதன்பின் தண்டவாளங்கள் கழற்றப்பட்டன. வோக்கம் ஆற்றின் மேல் நின்ற உயர்ந்த பாலமும் 1960களில் இடிக்கப்பட்டது.

அந்த இடத்தில் மீண்டும் ஒரு பாலம் 2012 இல்தான் வந்தது. 'ஜெம் பாலம்' எனப்படும் அது 200 மீற்றர் நீளம், 24 மீற்றர் உயரம். பழைய புகையிரதச் சுரங்கப்பாதை ஒன்றும் அதனோடு இணைந்திருக்கிறது. அதுவரை வண்டிக்காரர்கள் செங்குத்தான பள்ளத்தாக்கில் இறங்கி, மறுபுறம் மூச்சு வாங்க ஏற வேண்டியிருந்தது. வாலிபர்கள் எப்படியோ ஏறினார்கள். சிறுவர்களுக்கும் வயதானவர்களுக்கும் அந்த ஓரிடமே தடையாக இருந்தது. 21 மைல் பாதையில் 200 மீற்றர் இடைவெளி! அது அடைபட்டதும், அவர்களுக்கு முழுப் பாதையும் சொந்தமாயிற்று.

நமக்கு என்ன?

சிந்தித்துப் பாருங்கள். அந்தப் பாலம் வந்த நாளில் யாருடைய கால்களும் புதிதாகப் பலம் பெறவில்லை. மாறியது பாதைதான்.

நம் வீடுகளில் "அவளால் முடியாது" என்று எத்தனை பேரை ஒதுக்கி வைத்திருக்கிறோம்! கணக்கில் பின்தங்கிய மகள், நடக்கவே அஞ்சும் வயதான உம்மா, பிள்ளைப்பேற்றுக்குப் பின் உடல் தளர்ந்த மருமகள். அவர்களது பலவீனத்தை எடைபோடுகிறோம். நாம் அவர்கள் முன் வைத்த ஏற்றம் எவ்வளவு செங்குத்தானது என்று என்றாவது பார்த்தோமா? பெரிய பாடத்தைச் சிறு பாடங்களாகப் பிரிக்கலாம். ஒரு மைல் நடக்க முடியாத தாயை இன்று படலை வரை, அடுத்த வாரம் சந்தி வரை கைபிடித்து அழைத்துச் செல்லலாம். இடையில் ஒரேயொரு பாலம் மட்டுமே குறைவாக இருக்கவும் கூடும்.

உங்களுக்கும் இதையே சொல்கிறேன், சகோதரி. தாழ்ந்த கியரில் ஏறுவது இழுக்கல்ல. மெதுவாக ஏறியவரும் அதே மேட்டுவெளியைத்தான் காண்கிறார். அதே காற்றுத்தான் அவர் முகத்திலும் வீசுகிறது. அடுத்த முறை "எனக்குச் சரிவராது" என்று சொல்ல வாயெடுக்கும்போது, ஒரு நொடி நின்று 'தர்ராஜா' என்ற சொல்லை நினைத்துப் பாருங்கள். ஒரு மிதி மிதித்தால் போதும். அடுத்த மிதியை அதற்குப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.